தேய்ந்த பிடியும் சாய்ந்த மணிக்கூண்டும்
வாசகர் கேள்வி – பதில்

பழைய கருவிகள், இயந்திரங்கள், ஊர்ப் பொது இடங்கள் ஆகியவற்றைப் படமெடுப்பது பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தோம். மலேசியாவின் பேராக் மாநிலத்துத் தெலுக் இந்தானிலிருந்தும் அதைச் சுற்றியுள்ள ரப்பர் தோட்டங்களிலிருந்தும் வந்த கடிதங்கள்தாம் அதிகம். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் தருகிறோம்.

கேள்வி: அம்மா முப்பது வருஷம் ரப்பர் மரம் சீவிய கத்தியும் பால் பிடிக்கும் நாலைந்து மங்கும் வீட்டில் இருக்கின்றன. கைப்பேசியில் ஃபிளாஷ் போட்டு எடுத்தால் தகரத்துண்டு போல வெளுக்கிறது. போடாவிட்டால் மங்கல். கத்தியின் அழகைப் படத்தில் கொண்டுவர முடியுமா?
– வாசகி, பீடோர்

முடியும். ஃபிளாஷை அணைத்துவிட்டு, வாசலை ஒட்டி நேர் வெயில் விழாத இடத்தில் ஒரு மேசையைப் போடுங்கள். மேலே கோணிச்சாக்கோ பழைய பலகையோ போதும். பூப்போட்ட மேசைவிரிப்பு வேண்டாம். வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து மட்டும், கத்தியைத் தடவிக்கொண்டு போவது போலத் தாழ்வாக வரவேண்டும். மேடுபள்ளம் தெரிவது அப்போதுதான். எதிர்ப் பக்கம் மீன் பெட்டியின் வெள்ளைப் பாலிஸ்டிரீன் மூடியை ஓரடி தள்ளி நிறுத்தினால் நிழல் கரியாகாது. ரொம்ப நெருக்கினால் நிழலே செத்துவிடும், படம் தட்டையாகும்.

தீட்டிய இரும்பு கண்ணாடி மாதிரி, எதிரில் இருப்பதைக் காட்டும். எதிரே வெள்ளைச் சுவர் இருந்தால் வெட்டுவாய் முழுக்க வெளுத்து விளிம்பே காணாமல் போகும். கேமராவுக்குப் பக்கத்தில் ஒரு கறுப்புத் துணியைப் பிடித்து, மெல்ல நகர்த்திப் பாருங்கள். ஓரிடத்தில் வெட்டுவாயை ஒட்டிக் கருங்கோடு விழும். கத்தி கூரானது என்று படம் பார்ப்பவருக்குச் சொல்வது அந்தக் கோடுதான். லென்ஸில் மாட்டும் போலரைசர் வடிகட்டி வாங்கலாமா என்று இன்னும் இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். வெறும் உலோகத்தின் பளபளப்பை அது குறைக்காது. தண்ணீர், கண்ணாடி, வர்ணம் பூசிய பரப்பு ஆகியவற்றில்தான் வேலை செய்யும். இந்த வேலைக்கு அந்தக் காசு வீண்.

கைப்பேசியைக் கத்திக்கு ஒரு சாண் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். கிட்டே இருக்கும் முனை பூதமாகப் பெருக்கும். இரண்டு மடங்கு பெரிதாக்கி, முக்கால் மீட்டராவது தள்ளி நின்று எடுங்கள். இன்னொன்று: கேமரா எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். கறுத்த இரும்பும் அப்படித்தான் வெளுத்துப் போகிறது. திரையில் கத்தியைத் தொட்டுவிட்டு, பக்கத்தில் வரும் சூரியப் படத்தைக் கொஞ்சம் கீழே இழுங்கள். இரும்பு இரும்பாகவே இருக்கும்.

எல்லாரும் வெட்டுவாயையே துரத்துகிறார்கள். எங்களைக் கேட்டால் பிடியைத்தான் முதலில் எடுக்கச் சொல்வோம். கட்டைவிரல் அழுந்தி அழுந்தித் தேய்ந்த பள்ளமும், வியர்வையில் கறுத்த மரமும் அங்கேதான் இருக்கின்றன. வேறொருவர் கத்தியில் அதே பள்ளம் அதே இடத்தில் இருக்காது. மங்குக்கும் இதே கதைதான். உள்ளே காய்ந்து ஒட்டியிருக்கும் பாலை உரித்துவிடாதீர்கள். வெளியே மரத்தடியில் கிடக்கும் மங்கை எடுத்தால், வேலை முடிந்ததும் கவிழ்த்துவிட்டு வாருங்கள். மழைநீர் நின்றால் ஏடிஸ் கொசுவுக்கு வீடு.

சீவிய மரத்தையும் எடுப்பதானால் காலை ஒன்பது மணிக்குள் போய்விடுங்கள். வெயில் ஏறினால் பால் வடிவது குறையும். வெட்டுக்கோடு கிடைமட்டத்திலிருந்து 25 முதல் 30 பாகை சாய்ந்து, இடது மேலிருந்து வலது கீழாக இறங்கும். செல்ஃபி கேமராவோ செயலியோ படத்தை இடவலமாகத் திருப்பிவிட்டால் சாய்வு மாறிவிடும். நமக்குத் தெரியாது, மரம் சீவியவர் கண்ணுக்கு முதலில் படுவது அந்தத் தப்புதான்.

கேள்வி: அண்ணே, தாத்தா வீட்டுக் கொட்டகையில் கையால் சுற்றும் ரப்பர் ஷீட் மெஷின் ஒன்று துருப்பிடித்துக் கிடக்கிறது. கம்பித் தூரிகையால் தேய்த்து எண்ணெய் பூசினால் படத்தில் நன்றாக இருக்குமா?
– ஐந்தாம் படிவ மாணவர், உலு பெர்ணம்

தம்பி, கம்பித் தூரிகையைக் கீழே வையுங்கள். தேய்த்தால் துரு மட்டும் போகாது. வார்ப்பு எழுத்துகளின் ஓரமும் பழைய வர்ணத்தின் மிச்சமும் சேர்ந்தே போகும். எண்ணெய் பூசினால் அங்கங்கே வெள்ளைத் திட்டாக மின்னும், தூசியும் அப்பிக்கொள்ளும். வர்ணம் அடிக்கும் மெல்லிய பிரஷால் தூசியை மட்டும் தட்டுங்கள்.

எழுத்து படிக்க முடியவில்லை என்றால் கொட்டகையை இருட்டாக்கி, டார்ச் விளக்கை எழுத்துக்குப் பக்கவாட்டில், பரப்போடு ஒட்டினாற்போல 15, 20 பாகைச் சாய்வில் பிடியுங்கள். நேராகப் பார்க்கும்போது தெரியாத எழுத்துகூட நிழலோடு எழுந்து வரும். சாக்பீஸ் தேய்க்க வேண்டாம்.

உருளையையும் பாருங்கள். வழுவழுப்பான உருளை கட்டிய பாலைத் தட்டையாக்கும். வரிபோட்ட உருளை ஷீட்டில் கோடு பதிக்கும். கோடு பதிந்தால் பரப்பு கூடிச் சீக்கிரம் காயும், ஷீட்டுகளை அடுக்கினாலும் ஒன்றோடொன்று ஒட்டாது. ஆகவே அந்த வரிகள் தெளிவாக விழுந்த ஒரு படமாவது வேண்டும். அது இல்லாவிட்டால் துணி பிழியும் மெஷின் என்று நினைப்பார்கள்.

கேள்வி: தெலுக் இந்தான் மணிக்கூண்டை எடுத்தால் ஒரு படத்தில் அதிகமாகச் சாய்கிறது, ஒன்றில் நேராக நிற்கிறது. எது உண்மை?
– வாசகர், தெலுக் இந்தான்

கோபுரம் நிஜமாகவே சாய்ந்ததுதான். ஆனால் இந்த இரண்டு படமும் உங்கள் கைப்பேசி செய்த வேலை. கோபுரத்தின் உச்சி அடங்குவதற்காகக் கைப்பேசியை அண்ணாந்து பிடித்தால், நேர்க்கோடுகள் எல்லாம் மேலே போகப் போக உள்நோக்கிச் சாயும். கோபுரம் படத்தின் இடப்பக்கம் நின்றால் வலது பக்கமாகவும், வலப்பக்கம் நின்றால் இடது பக்கமாகவும் விழும். கோபுரத்தின் சொந்தச் சாய்வோடு இது சேர்ந்தால் ஒரு படம், எதிராகப் போனால் இன்னொரு படம்.

தீர்வு தூரம்தான். கோபுரத்தின் உயரம் 25.5 மீட்டர். கைப்பேசியை நிமிர்த்தி, கொஞ்சமும் அண்ணாக்காமல் மார்பு உயரத்தில் பிடித்தால், சாதாரண லென்ஸில் உச்சி அடங்க ஏறக்குறைய 36 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். படத்தின் கீழ்ப்பாதி வெறும் தரையாக இருக்கும். அதைப் பிறகு வெட்டிக்கொள்ளலாம். திரையில் கட்டக்கோடுகளைப் போட்டுக்கொள்ளுங்கள். பக்கத்துக் கடைவீட்டுத் தூண் ஒன்றோ விளக்குக் கம்பமோ படத்துக்குள் இருக்கட்டும். நேராக நிற்கும் ஒன்று பக்கத்தில் இருந்தால்தான் சாய்வு சாய்வாகத் தெரியும். 0.5 அகல லென்ஸைத் தொடாதீர்கள். செயலியில் ‘தானாக நேராக்கு’ என்ற பொத்தானையும் அமுக்காதீர்கள், 1885-லிருந்து நிற்கும் கட்டடத்தை அது ஒரு நொடியில் திருத்திவிடும்.

லியோங் சூன் சோங் கட்டிய இந்தக் கோபுரம் கடிகாரத்துக்காக மட்டும் எழுந்ததல்ல, ஊருக்குத் தண்ணீர் தேக்கும் தொட்டியும் அதற்குள் இருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் எட்டு மாடி, உள்ளே மூன்றே மாடி. கூரை அடுக்குகளை நெருங்கி ஒரு படம், தூரத்திலிருந்து ஒரு படம் என்று எடுத்தால் இந்த வேடிக்கையைச் சொல்லலாம்.

கோபுரத்தை மட்டும் எடுத்த படங்கள் ஊரெல்லாம் கிடக்கின்றன. அடியில் உட்கார்ந்து பேசும் பெரியவர்களும், ஐஸ் வாங்கும் பிள்ளைகளும், குறுக்கே ஓடும் மின்கம்பியும் இருக்கட்டும். பொது இடம் என்பதே அவர்களால்தான். விளக்கு எரியும்போது எடுக்க ஆசைப்பட்டால் சூரியன் இறங்கியதும் தயாராக நில்லுங்கள். நம் பக்கம் அந்தி நீளாது, இருபது நிமிடத்தில் நீலம் போய் இருட்டிவிடும். கடைத்தெருவில் எங்காவது ‘தெலுக் அன்சன்’ என்ற பழைய பெயரோடு பலகை தென்பட்டால் விடாதீர்கள். ஊரின் பெயர் 1982-இல் மாறியது.

கேள்வி: பட்டறையில் பழைய லிஸ்டர் டீசல் இன்ஜின் இன்னும் ஓடுகிறது. படத்தில் சக்கரம் நின்றுபோனது போல இருக்கிறது. சில படங்களில் குறுக்கே கறுப்புப் பட்டைகள்.
– வாசகர், லங்காப்

இரண்டுக்கும் ஷட்டர் வேகம், அதாவது கேமரா வெளிச்சத்துக்குத் திறந்திருக்கும் நேரம்தான் காரணம். கைப்பேசியில் ‘புரோ’ முறைக்குப் போங்கள். லிஸ்டரின் 6 குதிரைத்திறன் சி.எஸ். ரகம் நிமிடத்துக்கு 650 சுற்று. அப்படியென்றால் 1/1000 நொடியில் சக்கரம் 4 பாகைதான் திரும்பும், நின்றது போலத்தான் விழும். 1/125-இல் 31 பாகை, 1/60-இல் 65 பாகை. சக்கரத்துக்கு ஆறு ஆரம் என்றால் இடைவெளி 60 பாகை. ஆகவே 1/60-இல் ஓர் ஆரம் அடுத்த ஆரத்தின் இடத்துக்கே போய்விடும், சக்கரம் வெறும் புகைவளையமாகும். 1/125 நல்ல நடுவழி: ஓடுவதும் தெரியும், ஆரம் இருப்பதும் தெரியும். உங்கள் இன்ஜின் தகட்டில் சுற்று எண் வேறாக இருந்தால் அதற்கேற்றபடி கணக்குப் போடுங்கள். கேமராவை இன்ஜினோடு ஒட்டிய மேசையில் வைக்காதீர்கள், அதிர்வில் எல்லாமே கலங்கும். தனித் தரையில் முக்காலி வையுங்கள்.

பட்டைகள் டியூப் லைட்டால் வருபவை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு நொடிக்கு 100 முறை ஏறி இறங்கும். அந்த வெளிச்சத்தில் 1/50 அல்லது 1/100 வைத்தால் பட்டை போய்விடும். 1/125 வேண்டுமென்றால் கதவைத் திறந்து, விளக்கை அணைத்துவிட்டுப் பகல் வெளிச்சத்தில் எடுங்கள்.

கேமரா வார், துப்பட்டா, தொளதொளச் சட்டை எதுவும் வார்ப்பட்டைக்குப் பக்கத்தில் போகக்கூடாது.

கேள்வி: மூடிக்கிடக்கும் ரப்பர் ஸ்டோரில், ஷீட்டைப் புகைபோட்டுக் காயவைத்த புகை வீட்டுக்குள் எடுத்தால் கதவு வெள்ளையாகவும் உள்ளே கறுப்பாகவும் வருகிறது.
– வாசகர், சுங்கை சிப்புட்

கண்ணால் பார்க்கும் வித்தியாசத்தை ஒரே படத்தில் அடக்க முடியாத இடம் அது. முக்காலியில், இல்லாவிட்டால் செங்கல்மேல், கேமராவை வைத்து ஒரே காட்சியை மூன்று தடவை எடுங்கள்: ஒன்று சரியான அளவில், ஒன்று இரண்டு படி குறைத்து, ஒன்று இரண்டு படி கூட்டி. பிறகு இணைக்கலாம். கை பட்டு அசையாமலிருக்க இரண்டு நொடி டைமர் போடுங்கள். தகர ஓட்டையில் இறங்கும் ஒளிக்கம்பங்கள் வேண்டுமானால், பின்னால் கரும்சுவர் இருக்கும்படி, வெளிச்சம் வரும் திசையைப் பார்த்து நில்லுங்கள். அதற்காகத் தூசியைக் காலால் கிளப்பாதீர்கள். வௌவால் எச்சம் கலந்த தூசி நுரையீரலுக்கு ஆகாது. முகக்கவசம் போடுங்கள். பழைய அஸ்பெஸ்டாஸ் கூரை உடைந்து கிடந்தால் மிதிக்கவும் கூடாது, நகர்த்தவும் கூடாது.

யாரிடமாவது புகை போட்ட ஷீட் இருந்தால் முன்வெளிச்சத்தில் எடுக்காதீர்கள், பழைய தோல் மாதிரி இருக்கும். ஜன்னலுக்கு எதிரே தொங்கவிட்டுப் பின்வெளிச்சத்தில் எடுங்கள். தேன் நிறத்தில் ஒளிரும், உள்ளே மாட்டிய காற்றுக்குமிழும் அழுக்கும் தெரியும். தரம் பிரிப்பவர்களும் அப்படித்தான் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்ப்பார்கள்.

கேள்வி: பழைய சாமான் என்றால் கறுப்பு வெள்ளைதானே பொருத்தம்?
– வாசகி, தாப்பா

துருவின் செம்மஞ்சளைத் துடைத்துவிட்டு எதைக் காட்டப் போகிறீர்கள்? வடிவம்தான் விஷயம் என்றால் கறுப்பு வெள்ளை. மற்றதற்கெல்லாம் வர்ணம்.

கேள்வி: பெரிய இயந்திரங்களை எடுக்க ஆசை. மில்லில் உள்ளே விடுவதில்லை. கடைமுன் நடைபாதையான அஞ்சடியில் இருக்கும் பழைய முடிதிருத்தும் கடையிலும் கண்ணாடியில் நானே விழுகிறேன்.
– வாசகர், கம்பார்

மில்லும் தோட்டமும் தனியார் இடம். மேலாளருக்குக் கடிதம் எழுதி, எழுத்தில் அனுமதி வாங்குங்கள். துப்பாக்கி ஏந்தியவர் படம் போட்ட சிவப்புப் பலகை இருந்தால் அது 1959-ஆம் ஆண்டுச் சட்டப்படி தடைசெய்யப்பட்ட இடம், கேமராவை வெளியே எடுக்காதீர்கள். உங்களுக்கு எட்டும் தூரத்தில் பத்து காஜாவுக்குப் பக்கத்தில், தண்ணீரில் மிதந்தபடி வாளிகளால் ஈயமணல் தோண்டிய தஞ்சோங் துவாலாங் ஈயக்கப்பல் இருக்கிறது. 1938-இல் கட்டியது, 4,500 டன், 1982-இல் ஓய்ந்தது. முழுதாக எடுத்தால் ஏதோ தகரக் கிடங்கு போல இருக்கும். வாளிச் சங்கிலியில் ஒரே ஒரு வாளியை, பக்கத்தில் ஓர் ஆளை நிறுத்தி எடுங்கள். அளவு அப்போதுதான் உறைக்கும்.

கடைக் கண்ணாடிக்கு நேரே நிற்காமல் ஒரு பக்கமாக ஒதுங்குங்கள். கண்ணாடியில் கேமராவின் லென்ஸ் உங்களுக்குத் தெரியாமல் போகும்வரை நகர்ந்தால் போதும். பிம்பத்தில் தெரியும் நாற்காலி தெளிவாக வேண்டுமென்றால் கண்ணாடிச் சட்டத்தைத் தொடாமல், பிம்பத்தைத் தொட்டுக் குவியுங்கள். கடைக்காரரிடம் கேட்காமல் எடுக்கக்கூடாது. கத்தி வாடிக்கையாளர் கழுத்தில் இருக்கும்போது கூப்பிட்டுக் கேட்கவும் கூடாது.

கேள்வி: கோயில் திருவிழாவில் எங்கள் தோட்டத்துப் படங்களைக் கண்காட்சியாக வைக்கப் போகிறோம். என்ன அளவில் அச்சிடலாம்?
– இளைஞர் குழு, ஊத்தான் மெலிந்தாங்

ஏ3 போதும். அதற்கு 3308-க்கு 2339 புள்ளி இருந்தால் கையெட்டும் தூரத்தில் பார்க்க நன்றாக இருக்கும். 12 மெகாபிக்சல் கைப்பேசிப் படம் தாராளம். ஆனால் வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள். டியூப் லைட்டுக்கு அடியில் பளபளத் தாள் கண்ணைக் கூசும், மேட் தாள் கேளுங்கள். தகரக் கூரை மண்டபத்துச் சூட்டில் இரட்டைப் பக்க ஒட்டுநாடா நிற்காது. நைலான் கயிறு கட்டிக் கவ்வியில் மாட்டுங்கள். படத்தின் நடு தரையிலிருந்து 145 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கட்டும், நாற்காலியில் இருப்பவர்களுக்கும் தெரியும்.

ஒவ்வொரு படத்துக்கும் ஓர் அட்டை: பொருளின் பெயர், என்ன வேலைக்கு, எந்தத் தோட்டம், எடுத்த தேதி. பெயரை அகராதியில் தேடாதீர்கள். மங்கு, காண்டா வாளி (பால் சுமக்கும் வாளி), ஒட்டுப்பால் (காய்ந்து ஒட்டிய பால்) என்று தோட்டத்தில் சொன்னபடியே, பாட்டிகள் படிக்கிற பெரிய எழுத்தில் போடுங்கள். அட்டையின் கீழ்ப்பாதியை வெறுமையாக விட்டு, நூலில் ஒரு பென்சிலைக் கட்டித் தொங்கவிடுங்கள். தப்பாக எழுதியிருந்தால் திருத்த ஆள் வரும்.