வாய்ப்புற்று சிகிச்சைக்குப் பின் விழுங்கல் பரிசோதனை: கேள்வி பதில்

கடலூர், புதுச்சேரிக்காரர்கள் கேட்ட கேள்விகளுக்கு விழுங்கல் சிகிச்சை தரும் ஸ்பீச் தெரபிஸ்ட் ஒருவரின் பதில்கள்.

நெல்லிக்குப்பத்திலிருந்து: மேடம், அப்பாவுக்கு ஜிப்மரில் பாதி நாக்கை எடுத்துவிட்டுத் தொடைச் சதையை வைத்துத் தைத்தார்கள். கதிர்வீச்சும் முடிந்தது. சாப்பிடும்போது புரையேறுவதே இல்லை. ஆனால் அடிக்கடி சளி, காய்ச்சல். பேரியம் எக்ஸ்ரே எடுக்கச் சொல்கிறார்கள். எதற்கு?

புரையேறாததுதான் கவலை. கதிர்வீச்சு பட்ட குரல்வளையில் உணர்ச்சி மங்கிவிடும். கஞ்சி மூச்சுக்குழாய்க்குள் இறங்கினாலும் இருமல் வராது. பக்கத்தில் இருப்பவருக்கு நன்றாகச் சாப்பிடுகிறார் என்றே தோன்றும். சி.டி. ஸ்கேன் கட்டி திரும்ப வந்ததா என்று சொல்லும், அசைவைச் சொல்லாது. பேரியம் என்ற, எக்ஸ்ரேயில் பளிச்சென்று தெரியும் மருந்தைக் கலந்து கொடுத்து, விழுங்குவதை ஓடும் படமாகத்தான் பார்க்க வேண்டும். இதற்கு 1996-இல் வந்த எட்டுப் படி அளவுகோல் உண்டு. 1 என்றால் மூச்சுப் பாதைக்குள் எதுவும் போகவில்லை. 8 என்றால் குரல்நாணுக்குக் கீழே போயும் வெளியே தள்ள முயற்சியே இல்லை. அந்த 8 இருக்கிறதா என்றுதான் தேடுகிறார்கள். காய்ச்சலுக்கு மட்டும் பரிசோதனை தேதி வரை காத்திருக்காதீர்கள், உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.

முத்தியால்பேட்டையிலிருந்து: உள்ளே என்னதான் செய்வார்கள்?

நிமிர்ந்து உட்காரவைத்து முதலில் பக்கவாட்டில் படம். உதடு முதல் உணவுக்குழாயின் மேல்வாய் வரை திரையில் தெரிய வேண்டும். தோளைத் தூக்கிக்கொண்டால் நிழல் விழுந்து மூச்சுக்குழாய் மறைந்துவிடும். கையைத் தொங்கவிடச் சொல்லுங்கள். பேரியம் கலந்த தண்ணீர் 3 மில்லி, 5 மில்லி, பிறகு டம்ளரில் ஒரு வாய், அடுத்து கெட்டியானது, கடைசியில் பேரியம் தடவிய பிஸ்கட். பிறகு முன்பக்கமாகத் திருப்பி, மிச்சம் எந்தப் பக்கம் தேங்குகிறது என்று பார்ப்பார்கள். எக்ஸ்ரே ஓடும் நேரம் பெரும்பாலும் 5 நிமிடத்துக்குள்தான். நொடிக்கு 30 படம் ஓடினால் நல்லது. அதைக் குறைத்தால் கண நேரம் உள்ளே போய்வருவது தப்பிவிடும்.

ஒருமுறை உள்ளே போனதைப் பார்த்ததும் நிறுத்திவிட்டு 'வாயால் கொடுக்காதே' என்று எழுதித் தந்தால் அது அரைகுறைப் பரிசோதனை. அளவைக் குறைத்து, கெட்டியாக்கி, தலையை மாற்றி மறுபடி பார்க்க வேண்டும். தொண்டையில் ஒரு பக்கம் பலவீனம் என்றால் முகத்தை அந்தப் பக்கமே திருப்பி விழுங்கச் செய்வோம். உணவு மறுபக்கமாக இறங்கும். தாடையைத் தாழ்த்துவது எல்லோருக்கும் ஒத்துவராது. நாக்கு குறைந்தவருக்கு உணவு முன்னால் வழிந்துவிடும். அவர் தாடையைத் தூக்கினால் தானாகப் பின்னால் போகும், ஆனால் குரல்வளை சரியாக மூடுகிறது என்று படத்தில் உறுதியான பிறகே.

கடலூர் ஓல்டு டவுனிலிருந்து: மூக்கு வழியாகக் கேமரா விட்டுப் பார்த்தால் போதாதா?

படுக்கையிலேயே செய்யலாம், கதிர்வீச்சு இல்லை, வீட்டு இட்லியையே கொடுத்துப் பார்க்கலாம். தேங்கும் எச்சில், வீக்கம் இதில்தான் நன்றாகத் தெரியும். ஆனால் விழுங்கும் அந்த நொடி திரை வெள்ளையாகிவிடும். வாய்க்குள் நடப்பதும் தெரியாது. நாக்கு ஆபரேஷனுக்கு எக்ஸ்ரேயை முதலில் வைப்பேன்.

பண்ருட்டியிலிருந்து: 'லெவல் 2 கெட்டி' என்று எழுதியிருக்கிறார்கள். வீட்டில் எப்படி அளப்பது?

லெவல் என்பது IDDSI என்ற சர்வதேச அளவுகோலில் கெட்டித்தன்மையின் படி. 10 மில்லி சிரிஞ்ச் வாங்குங்கள். 0 முதல் 10 வரை உள்ள கோடு 61.5 மில்லிமீட்டர் நீளம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கணக்குத் தப்பும். பிஸ்டனை எடுத்துவிட்டு, நுனியை விரலால் அடைத்து 10 கோடு வரை ஊற்றி, விரலை எடுத்து 10 நொடி ஒழுகவிட்டு மறுபடி அடையுங்கள். 4 முதல் 8 மில்லி மிச்சமிருந்தால் லெவல் 2. கஞ்சி ஆற ஆற இறுகும் என்பதால் குடிக்கும் சூட்டிலேயே அளக்கவும். ரசம் சாதத்தில் ஏமாந்துவிடாதீர்கள்: சோறு வாயில் நிற்கும்போதே ரசம் முந்திக்கொண்டு ஓடிவிடும். குழைத்த தயிர் சாதம் பரவாயில்லை, மோர் தனியாகப் பிரியாமல் இருந்தால்.

பாகூரிலிருந்து: தையல் பிரிந்து கசிகிறதோ என்று சந்தேகம். பேரியம் குடிக்கலாமா?

வேண்டாம். ஐயோஹெக்ஸால் போன்ற, நீரில் கரையும் மருந்தைக் கேளுங்கள். அதுவும் நீரில் கரைவதுதான் என்றாலும், புரையேறுபவருக்கு காஸ்ட்ரோகிராஃபின் என்ற மருந்து ஆகாது. நுரையீரலுக்குள் போனால் நீர் கோத்துக்கொள்ளும்.

வில்லியனூரிலிருந்து: கதிர்வீச்சு முடிந்து பல வருஷம். இப்போது திடீரென்று விழுங்க முடியவில்லை, ஏன்?

தசை இறுகுவது வருடங்கள் கழித்தும் வரும். ஆனால் முதலில் புற்றுநோய் டாக்டர் கட்டி இல்லை என்று உறுதி செய்யட்டும். வாய் 35 மில்லிமீட்டருக்குக் குறைவாகத் திறந்தால் அதையும் சொல்லுங்கள். பழைய விழுங்கல் படம் குறுந்தகட்டில் இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள்; ரிப்போர்ட்டை மட்டும் வைத்து ஒப்பிட முடியாது.