பழைய ஆம்னி வேன் காலையில் சோக்கை இழுத்தாலும் எளிதில் ஸ்டார்ட் ஆவதில்லை, ஸ்டார்ட் ஆன பின்னும் உதறுகிறது. பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் கார்புரேட்டரை மாற்றச் சொல்கிறார்கள், மாற்றலாமா?

இப்போதைக்கு மாற்ற வேண்டாம். சோக்கை இழுத்தும் பயனில்லை என்று நீங்கள் எழுதியிருப்பதால், உங்களுடையது கையால் இழுக்கும் சோக் (குளிர்ந்த இன்ஜினுக்குக் காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டும் தகடு) கொண்ட கார்புரேட்டர் வண்டி என்று எடுத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். பின்னாளில் வந்த, கார்புரேட்டர் இல்லாமல் மின்னணு முறையில் பெட்ரோலைத் தெளிக்கும் எம்.பி.எஃப்.ஐ. ஆம்னியாக இருந்தால், அதன் பெட்ரோல் பம்ப்பும் சென்சார்களும் வேறு கதை. அதற்கு இந்தப் பதில் பொருந்தாது.

காலையில் ஸ்டார்ட் ஆக மறுப்பதும், ஸ்டார்ட் ஆன பின் உதறுவதும் ஒரே கோளாறின் இரண்டு முகங்கள் என்று பெரும்பாலானோர் முடிவு கட்டிவிடுகிறார்கள். பழைய இன்ஜினில் அவை இரண்டும் தனித்தனிக் கோளாறுகளாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. எங்கள் வண்டியில் அப்படித்தான் இருந்தது. கார்புரேட்டர் இரண்டுக்குமே காரணமாக இருக்கவில்லை.

எங்கள் வீடு சேலம் கோரிமேட்டில் இருக்கிறது. ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் சிறிய காப்பித் தோட்டம் ஒன்று உண்டு. காப்பிக் கொட்டையும் மிளகும் இறக்குவதற்காக என் தந்தை வாங்கிய ஆம்னி இன்றும் அந்த வேலையைச் செய்கிறது. மூன்று சிலிண்டர், 796 சி.சி. இன்ஜின். கோரிமேட்டில் நிறுத்தினால் மறுநாள் காலை ஓரிரு முயற்சியில் கிளம்பிவிடும். நாகலூரில் பனியில் ஓர் இரவு நின்றுவிட்டால், பேட்டரி களைத்துப்போகும் வரை செல்ஃப் அடித்தாலும் இன்ஜின் பிடிக்காது. பிடித்த பிறகு, வண்டி நிற்கும்போதெல்லாம் கண்ணாடிகள் அதிரும் அளவுக்கு உதறும். ஆக்சிலரேட்டரை மிதித்து ஓட்டத் தொடங்கினால் உதறல் மறைந்துவிடும்.

நகரத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினோம். இருக்கையைக் கூடத் தூக்கிப் பார்க்காமல், சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டு, "கார்புரேட்டர் போயிருச்சு சார், புதுசு போட்டுருங்க" என்றார்கள். ஆம்னியின் இன்ஜின் முன் இருக்கைகளுக்கு அடியில் இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். இருக்கையைத் தூக்காமல் கோளாறு சொல்பவர் எதையும் பார்க்கவில்லை என்று பொருள். எனக்கு இன்றும் ஆறாத மனக்குறை இதுதான்: பரிசோதனை என்ற வேலையே நடக்காமல், உதிரிபாகத்தின் விலைதான் முதலில் வருகிறது. எல்லா மெக்கானிக்குகளும் இப்படி என்று நான் சொல்லவில்லை. எங்கள் வண்டியைச் சரிசெய்தவரும் ஒரு மெக்கானிக்தான்.

அவர் ஏற்காட்டில் பல காலமாகத் தொழில் செய்யும் பெரியவர், என் தந்தைக்குப் பழக்கமானவர். வண்டியை இரவு முழுவதும் தம் ஷெட்டுக்கு வெளியே பனியில் விட்டுவைக்கச் சொல்லி, மறுநாள் விடியும் முன்பே வரச் சொன்னார். இருட்டிலேயே இருக்கையைத் தூக்கிவிட்டு, டார்ச்சையும் அணைத்துவிட்டு, என்னைச் செல்ஃப் அடிக்கச் சொன்னார். அடித்துக்கொண்டே எட்டிப் பார்த்தேன். நடு சிலிண்டரின் பிளக்குக்கு (பெட்ரோலைப் பற்றவைக்கும் பொறியைத் தருவது) மின்சாரம் கொண்டுபோகும் ஒயரிலிருந்து பக்கத்து இரும்புக்கு ஒரு நீல நிறப் பொறி தாவித் தாவி ஓடியது. வெளிச்சத்தில் அந்த ஒயரைக் கையில் எடுத்துப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. வளைத்துப் பிடித்தபோதுதான் அதன் ரப்பரில் மயிரிழை போன்ற வெடிப்புகள் தெரிந்தன.

பேட்டரியின் வோல்டேஜை உயர்த்தித் தரும் காயிலிலிருந்து வரும் மின்சாரம் பல்லாயிரம் வோல்ட் அழுத்தம் உடையது. பிளக்கின் இடைவெளியைத் தாண்டுவதைவிட எளிய வழி கிடைத்தால் அது அந்த வழியாகவே போய்விடும். சேலத்தின் வறண்ட காற்றில் அந்த வெடிப்பு தொல்லை தரவில்லை. மலையில் பனி ஈரம் படிந்ததும் அதுவே மின்சாரத்துக்கு வழியாகிவிட்டது. போதாக்குறைக்கு, செல்ஃப் மோட்டார் சுற்றும் நேரத்தில் பேட்டரியின் வோல்டேஜ் இறங்குவதால் பொறியே பலவீனமாக இருக்கும். இன்ஜின் ஓடிச் சூடேறியதும் ஈரம் காய்ந்துவிடும், அடையாளமும் மறைந்துவிடும். பகல் பத்து மணிக்கு வண்டியை ஒர்க்‌ஷாப்பில் விட்டால் இந்தக் கோளாறு எவர் கண்ணிலும் படாது. ஒயர் செட்டையும், அந்த மின்சாரத்தைச் சிலிண்டர்களுக்குப் பகிரும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியையும் மாற்றினோம். கார்புரேட்டருக்குக் கேட்ட தொகையில் சிறு பகுதிதான் செலவானது.

ஆனாலும் உதறல் அப்படியே இருந்தது. அவர் அதை எதிர்பார்த்தே இருந்தார். நிற்கும்போது உதறி, ஓடும்போது சீராகும் இன்ஜின் எங்கோ கள்ளக் காற்று இழுக்கிறது என்றார். ஐடிலிங்கில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் ஓடும்போது, காற்றைக் கட்டுப்படுத்தும் திராட்டில் தகடு ஏறக்குறைய மூடியிருப்பதால், கலவை சிலிண்டர்களுக்குப் போகும் குழாயான மேனிஃபோல்டில் உறிஞ்சும் விசை மிக அதிகமாக இருக்கும். அப்போது ஒரு சிறு சந்து இருந்தாலும் அதன் வழியே நுழையும் காற்று பெட்ரோல் கலவையை நீர்க்கச் செய்துவிடும். திராட்டில் திறந்து காற்று தாராளமாகப் போகும்போது அந்தச் சந்தின் பங்கு அற்பமாகிவிடும்.

ஊசி கழற்றிய ஒரு சிரிஞ்சில் சோப்பு நீரை எடுத்து, ஓடிக்கொண்டிருந்த இன்ஜினில், கார்புரேட்டரும் மேனிஃபோல்டும் சேரும் விளிம்பைச் சுற்றிச் சொட்டுச் சொட்டாக விட்டார். பின்பக்க மூலையில் விட்டபோது, அதுவரை கேட்டுக்கொண்டிருந்த மெல்லிய சீறல் நின்றது. நீர் உள்ளே இழுக்கப்பட்டு, இரண்டு மூன்று விநாடி இன்ஜின் சத்தம் தெளிவாக மாறியது. பிறகு மீண்டும் உதறல். கழற்றிப் பார்த்தால், கார்புரேட்டருக்கு அடியில் வெப்பம் ஏறாமல் இருக்க வைக்கும் தடித்த கறுப்பு அடைப்பான் வளைந்துபோயிருந்தது. இந்தச் சோதனையைக் கார்புரேட்டர் கிளீனர் ஸ்பிரேயால் செய்பவர்களும் உண்டு; சூடான இன்ஜின் மேல், அதுவும் இருக்கைக்கு அடியில், எளிதில் தீப்பற்றும் திரவத்தை அடிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

நீங்கள் இதே வரிசையில்தான் போக வேண்டும் என்பதில்லை. ஆனால் செலவில்லாதவற்றை முதலில் பாருங்கள். செல்ஃப் அடிக்கும்போது பேட்டரியின் வோல்டேஜ் 10-க்கு நன்றாகக் கீழே இறங்கினால், பேட்டரியையோ அதன் முனைகளையோ எர்த் ஒயரையோ கவனிக்காமல் வேறு எதையும் தொடாதீர்கள். சோக்கை முழுவதும் இழுத்தபின் ஏர் ஃபில்டரைக் கழற்றி, சோக் தகடு உண்மையிலேயே வாயை மூடுகிறதா என்று கண்ணால் பாருங்கள். கேபிள் தளர்ந்திருந்தால் பிடி முழுதாக வெளியே வந்தாலும் தகடு பாதியில் நிற்கும். மூன்று பிளக்குகளையும் கழற்றி வரிசையாக வையுங்கள். மூன்றும் கரி படிந்து கறுத்திருந்தால் பெட்ரோல் அதிகம். மூன்றும் வெளுத்திருந்தால் காற்று அதிகம். ஒன்று மட்டும் பெட்ரோலில் நனைந்திருந்தால் அந்தச் சிலிண்டருக்குப் பொறி போகவில்லை. எண்ணெயில் நனைந்திருந்தால் பிஸ்டன் ரிங் அல்லது வால்வு சீல் தேய்ந்து ஆயில் கசிகிறது. எங்கள் நடு பிளக் பெட்ரோலில் நனைந்திருந்தது. அந்த ஒர்க்‌ஷாப்பில் அதைக் கழற்றிப் பார்த்திருந்தால் போதும்.

அதற்குப் பிறகும் ஒரு சிலிண்டர் வேலை செய்யவில்லை என்றால் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம், பார்க்கச் சொல்லுங்கள். ஒன்று மட்டும் மற்ற இரண்டைவிடத் தெளிவாகக் குறைந்திருந்தால், பிளக் துளை வழியே ஒரு தேக்கரண்டி இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி பார்க்க வேண்டும். ஏறினால் ரிங் தேய்மானம். ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட் வழியே அழுத்தம் கசிகிறது. இந்த நிலையில் புதிய கார்புரேட்டர் வாங்கிப் போட்டாலும் ஒரு மாற்றமும் இருக்காது.

நீங்களும் மலைக்கு ஏறி இறங்குபவராக இருந்தால் இதையும் கவனியுங்கள். சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1500 மீட்டர். 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே போகும்போது காற்றின் அடர்த்தி பத்தில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்துவிடுகிறது. கார்புரேட்டருக்கு அது தெரியாது. காற்று குறைந்த அளவுக்கு அது பெட்ரோலைக் குறைக்காது. அதனால் சேலத்தில் ட்யூன் செய்த வண்டி மேலே சற்றுப் புகைத்து, பிக்கப் குறைவாக ஓடுவது கோளாறாகாது. அதற்காக மேலே ஸ்குரூவைத் திருப்பிக் காற்றைக் கூட்டினால், கீழே இறங்கியதும் மிஸ்ஸிங் அடிக்கும்.

பெட்ரோலைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2023-இல் சில பங்குகளில் தொடங்கி இப்போது பரவலாகிவிட்ட 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்காக இந்த வண்டிகள் வடிவமைக்கப்படவில்லை. ஒரு கிலோ பெட்ரோல் எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்குச் சுமார் 9 கிலோ போதும். கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் சிறு துளையான பழைய ஜெட் விடும் அளவு மாறாததால் கலவை தானாகவே நீர்த்துவிடுகிறது. குளிர்காலைக்கு அது உதவாது. எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் குழாய்களை இளக்கும். நான் எத்தனால் திட்டத்துக்கு எதிரி அல்ல. பழைய வண்டி வைத்திருப்பவர் பெட்ரோல் குழாய்களையும் பம்ப்பின் ரப்பர் சவ்வான டயாஃப்ரத்தையும் அடிக்கடி பார்க்க வேண்டும் என்பதே நான் சொல்வது. உட்காரும் இடத்துக்கு அடியிலேயே இன்ஜின் உள்ள வண்டியில் பெட்ரோல் வாடை வந்தால், அதைக் கண்டுபிடிக்கும் வரை வண்டியை எடுக்கவே கூடாது.

இவ்வளவு பழைய வண்டிக்கு இத்தனை பாடு எதற்கு, விற்றுவிடலாமே என்று யாரேனும் எழுதக்கூடும். 2019-உடன் ஆம்னியின் உற்பத்தி நின்றுவிட்டது. தோட்டத்துப் பாதையில் மூட்டையோடு நுழையக்கூடிய அந்த அளவிலான வண்டி, எங்கள் கைக்கு எட்டும் விலையில், இன்றுவரை எனக்குக் கிடைக்கவில்லை. பதிவைப் புதுப்பிக்க 2022-இல் 5,000 ரூபாயாக உயர்ந்த கட்டணத்தையும் கட்டித்தான் வைத்திருக்கிறோம்.

எல்லாவற்றையும் பார்த்த பிறகும் சந்தேகம் கார்புரேட்டர் மேல்தான் விழுகிறது என்றால், முதலில் அதைக் கழற்றிச் சுத்தம் செய்து, ரிப்பேர் கிட் போட்டு, உள்ளே பெட்ரோல் அளவைக் காக்கும் மிதவையின் (ஃப்ளோட்) மட்டத்தைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். ஐடில் ஜெட்டில் கடுகளவு தூசி அடைத்திருந்தாலும் இதே உதறல் வரும். மாற்றியே ஆக வேண்டும் என்று முடிவானாலும், பழைய கார்புரேட்டரைக் கடையில் கொடுத்துவிட்டு வராமல் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். போட்ட புதியது சரிப்படாமல் போனால், மறுபடி மாட்டுவதற்கு அந்த அசல் பாகம் உங்களிடம் இருக்க வேண்டும்.