மேடைக்குக் கீழே இருக்கிறது விழா: வாசகர் கேள்வி பதில்

எங்கள் ஊர்க் கடைவீதியில் நடக்கும் இலவச இசை விழாவைப் பற்றிப் போன இதழில் நான்கு வரி எழுதியிருந்தேன். அதற்குப் பிறகு வந்த கடிதங்களில் பெரும்பாதி அதைப் பற்றித்தான். அதனால் இந்த மாதப் பக்கம் முழுக்க அதற்கே. புதிதாகப் படிப்பவர்களுக்காக: எங்களுடையது மலேசியாவின் பேராக் மாநிலத்தில் ஒரு தோட்டப்புறப் பட்டணம். சுற்றிலும் ஒரு காலத்தில் பால்மரம், இன்று செம்பனை. ஆண்டுக்கு ஒரு சனிக்கிழமை மாலை 5 மணி முதல் இரவு 11 மணி வரை பெரிய கடைவீதியில் இசைதான்; 4 மணியிலிருந்தே காடி நுழையாது. டிக்கெட் கிடையாது, நுழைவாயில் கிடையாது. யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம், யார் வேண்டுமானாலும் நின்று கேட்கலாம்.

எங்கள் பட்டணத்திலும் இப்படி ஒன்று செய்ய ஆசை. தமிழ்நாட்டிலிருந்து ஒரு சினிமாப் பாடகரை அழைத்தால்தான் கூட்டம் வரும் என்கிறார்கள் குழுவில். கையில் இருப்பது 15,000 வெள்ளி (ரிங்கிட்). என்ன சொல்கிறீர்கள்?
குடியிருப்புச் சங்கச் செயலாளர், பாகான் செராய்

ஐயா, அந்தப் பணத்தைப் பாடகருக்குக் கொடுத்தால் அன்றைய இரவு அவருடையதாகிவிடும், உங்கள் ஊருடையதாக இருக்காது. வெளிநாட்டுக் கலைஞர் என்றால், அவர்கள் நிகழ்ச்சிகளுக்கு அனுமதி தரும் அரசு அமைப்பான புஸ்பாலின் அனுமதி வேண்டும். விமானம், ஹோட்டல், அவருடைய வாத்தியக் குழு என்று செலவு நீளும். கடைசியில் நாற்காலிக்குக் காசு வாங்க வேண்டிவரும். இலவசம் என்ற சொல் அங்கேயே செத்துவிடும்.

பிரான்ஸ் நாட்டில் நடந்ததைச் சொல்கிறேன். 1982இல் அங்கே ஜாக் லாங் கலாசார அமைச்சர். அமைச்சில் இசைக்குப் பொறுப்பாக இருந்தவர் மோரிஸ் ஃப்ளூரே. அவர்கள் கையில் ஒரு கணக்கெடுப்பு இருந்தது. நாட்டில் 50 லட்சம் பேர், இளைஞர்களில் இருவருக்கு ஒருவர், ஏதோ ஒரு வாத்தியம் வாசிக்கிறார்கள் என்று அது சொன்னது. இத்தனை பேர் வாசித்தும் தெருவில் ஏன் ஒரு சத்தமும் இல்லை என்று அவர்கள் யோசித்தார்கள். அந்த ஆண்டு ஜூன் 21, அங்கே கோடையின் மிக நீண்ட பகல். அன்று மாலை எல்லாரும் வாத்தியத்தோடு வெளியே வாருங்கள் என்று நாட்டையே கூப்பிட்டார்கள். வந்தார்கள். இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் அந்த நாள் கொண்டாடப்படுகிறது. சென்னையில் 2007 பொங்கலை ஒட்டித் தொடங்கிய சென்னை சங்கமமும் பறையையும் கரகத்தையும் பூங்காவுக்கும் கடற்கரைக்கும் கொண்டுவந்து இலவசமாகக் காட்டியது. இரண்டிலும் முதல் வேலை, யாரிடம் வாத்தியம் இருக்கிறது என்று தேடியதுதான்.

நாங்களும் அதைத்தான் செய்தோம். முதல் ஆண்டில் ஒரு 40 பக்க நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு, மலிவு விலை அடுக்கு வீடுகளில் கதவு கதவாகத் தட்டினேன். தோட்டம் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது லயத்திலிருந்து, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளிலிருந்து, கிளம்பி வந்தவர்கள்தான் அங்கே அதிகம். "வீட்டில் யாராவது வாசிப்பீங்களா?" என்று கேட்டால் முதலில் எல்லாரும் இல்லை என்பார்கள். உட்கார்ந்து தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு ஆர்மோனியம் வெளியே வரும். லோரி ஓட்டும் ஒருவர் மௌத் ஆர்கனில் பழைய பாட்டு முழுதாக வாசித்தார். அவர் வாசிப்பார் என்று பக்கத்து வீட்டுக்கே தெரியாது. மளிகைக் கடைச் சீனப் பாட்டி எர்ஹு என்ற இரண்டு தந்தி வாத்தியம் வாசிப்பவர். பள்ளிவாசல் பக்கத்துப் பையன்கள் கொம்பாங் என்ற மலாய்க் கைப்பறைக் குழு வைத்திருந்தார்கள். இரண்டு வாரத்தில் நோட்டில் 23 பேர். மூன்று மணி நேரத்துக்குத்தான் திட்டம் போட்டிருந்தோம், ஆறு மணி நேரம் தேவைப்பட்டது.

அவர்களுக்கு அம்மா உண்டு, தம்பி உண்டு, கூட வேலை செய்யும் கூட்டாளிகள் உண்டு. கூட்டம் அப்படித்தான் வந்தது. உங்கள் 15,000 வெள்ளியை நல்ல ஒலியமைப்புக்கும், மின்சாரத்துக்கும், நடமாடும் கழிப்பறைக்கும், மறுநாள் குப்பை அள்ளுபவர்களின் கூலிக்கும் வையுங்கள். கழிப்பறையை மட்டும் மறந்துவிடாதீர்கள். வயதான பெண்கள் விழாவுக்கு வருவதும் வராததும் அதைப் பொறுத்தது. அனுமதி வேலையை நான்கு மாதத்துக்கு முன்பே தொடங்குங்கள். சாலையை மூட மாவட்ட மன்றமும் போலீசும் சம்மதிக்க வேண்டும், தீயணைப்பு நிலையத்துக்கும் தகவல் போக வேண்டும். ஆம்புலன்ஸ் நுழைய ஒரு பக்கம் காலியாகவே கிடக்கட்டும். அங்கே ஒரு ஒட்டுக்கடைகூடப் போட விடாதீர்கள்.

நாங்கள் உறுமி மேளக் குழு. எங்கள் ஊர் இசை விழாவில் பாட்டுக் குழுக்களுக்கு நடு வீதியில் இடம், எங்களுக்கு மட்டும் பின்சந்தில் வாகன நிறுத்துமிடம். உறுமி வந்தால் ரௌடிக் கூட்டம் வரும் என்கிறார்கள். ஒப்புக்கொள்வதா?
21 வயது இளைஞர், லூனாஸ்

தம்பி, ஒப்புக்கொள்ளாதே. கோபித்துக்கொண்டு போகவும் வேண்டாம். உட்கார்ந்து பேசு.

என் அப்பா காலையில் பால்மரம் வெட்டுவார், மாரியம்மன் திருவிழாவில் தப்பு அடிப்பார். தோட்டத்தில் ஒரு சாவு என்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஆனால் கல்யாண வீட்டில் அவருக்கு வாசலோடு சரி. வேப்பங்கட்டையில் வளையம் கட்டித் தோல் இழுத்த அந்தத் தப்பு எங்கள் வீட்டுச் சுவரில் ஆணியில் தொங்கும். இடது கையில் மெல்லிய சிம்புக்குச்சி, வலது கையில் குட்டையான அடிக்குச்சி. அடிப்பதற்கு முன் ஓலையைக் கொளுத்தித் தோலைக் காட்டுவார். சூடு ஏற ஏற விரலால் தட்டிப் பார்ப்பார். 'தொப்' என்றது 'டண்' என்று மாறும் அந்த நொடியில் அவர் முகமும் மாறும். பிறகுதான் எழுந்திருப்பார். பள்ளியில் சேர்ந்த பிறகு, அப்பா என்ன வாசிப்பார் என்று கேட்டவர்களிடம் நான் பதில் சொல்லாமல் நின்றிருக்கிறேன். அந்த மௌனத்தை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. ஆகவே பின்சந்து என்ற சொல்லைக் கேட்டால் எனக்குப் பொறுக்காது.

எங்கள் முதல் கூட்டத்திலும் இதே பேச்சு வந்தது. தைப்பூசத்தில் காவடிக்கு முன்னால் இவர்கள் அடித்தால்தான் நமக்குக் கால் நகர்கிறது, கடைவீதியில் அடித்தால் மட்டும் ரௌடியா என்று கேட்டேன். பதில் இல்லை. அவர்கள் பயத்தில் காரணமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். சில இடங்களில் மேளத்துக்குப் பின்னால் சண்டைக்கென்றே சிலர் வந்திருக்கிறார்கள். அதனால் நீங்களே முந்திக்கொள்ளுங்கள். குழுவில் யார் யார் என்று எழுதிக் கொடுங்கள். ஒரே நிறத்தில் சட்டை போடுங்கள். குடித்தவனுக்கு அன்று குச்சி இல்லை என்று நீங்களே சட்டம் போடுங்கள். தொடங்கும் நேரம், முடிக்கும் நேரம் இரண்டையும் எழுதிக் கையெழுத்திடுங்கள்.

இடத்துக்கும் ஒரு யோசனை. மேடை கேட்காதே. உறுமிக்கும் பம்பைக்கும் தவிலுக்கும் மைக் தேவையில்லை. மேடையில் ஏற்றினால் சத்தம் தலைக்கு மேலே போகும், ஆட்டம் கீழே நின்றுவிடும். வீதியின் நடுவில், தரையில், ஜனங்கள் வட்டம் கட்டி நிற்க இடம் கேள். வளைந்த குச்சியைத் தோலில் வைத்துத் தேய்க்கும்போது உறுமி உறுமுகிறதே, அதை இரண்டு அடி தூரத்தில் நின்று பார்க்காத பிள்ளைகள் நம் பட்டணத்திலேயே எத்தனை பேர்! எங்கள் ஊரில் உறுமி மேளம் இரவு எட்டேகாலுக்கு, கடைவீதி நாற்சந்தியில். நான்கு ஆண்டாக ஒரு சண்டை இல்லை.

நான் ஜவுளிக்கடை வைத்திருக்கிறேன். சனிக்கிழமை மாலை சாலையை அடைத்தால் என் வியாபாரம் என்ன ஆவது?
வியாபாரி, தெலுக் இந்தான்

அண்ணன், உங்கள் கவலை நியாயமானது. எங்கள் ஊரிலும் சாப்பாட்டுக் கடைகளுக்கு அன்று திருவிழா, துணிக்கடைக்கும் இரும்புக்கடைக்கும் நஷ்டம். இதை மறைத்துப் பேசும் குழுவை நம்பாதீர்கள். நாங்கள் செய்தது இவ்வளவுதான்: சாலையை மூடும் நேரத்தை மதியம் 2 மணியிலிருந்து 4 மணிக்குத் தள்ளினோம், தீபாவளிக்கு முந்தைய ஆறு வாரத்தில் விழாவே வைப்பதில்லை என்று முடிவெடுத்தோம். வாசலை மறைத்து யாரும் கடை போடக் கூடாது. அஞ்சடி, அதாவது கடைக்கு முன்னால் உள்ள கூரை போட்ட நடைபாதை, எப்போதும் கடைக்காரருக்குத்தான். இதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இலவச விழாவில் சினிமாப் பாட்டுப் பாடவும் அனுமதி வேண்டுமா?
மெல்லிசைக் குழுப் பாடகி, கிள்ளான்

வேண்டும் அம்மா. டிக்கெட் இல்லை என்பதால் மட்டும் விலக்கு வந்துவிடாது. 1987ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, பாட்டைப் பொது இடத்தில் பாடவைக்கும் உரிமை இசையமைத்தவருக்கும் எழுதியவருக்கும் உரியது. அவர்கள் சார்பில் எம்ஏசிபி அமைப்பு உரிமம் தருகிறது. பதிவான பாட்டை ஒலிக்கவிட்டால் ஒலிப்பதிவுக்கான உரிமையும் சேரும். விழாக் குழு மொத்தமாக எடுத்துவிட்டால் பாடுகிறவர்களுக்குத் தலைவலி இல்லை. லயத்தில் பாட்டிமார் பாடிய தாலாட்டுக்கும் தெம்மாங்குக்கும் யாரும் கட்டணம் கேட்கப்போவதில்லை. அவற்றில் இரண்டையாவது பாடுங்கள்.

ஒலிபெருக்கியால் பக்கத்துச் சூராவுக்கும் (முஸ்லிம்களின் சிறு தொழுகை இடம்) வீடுகளுக்கும் தொந்தரவு வராதா? கைக்குழந்தையைக் கூட்டிக்கொண்டு போகலாமா?
இல்லத்தரசி, சுங்கைப் பட்டாணி

சூராவுக்கு நாங்களே முதலில் போய்ப் பேசினோம். மாலைத் தொழுகை மஃரிப் ஏழரை வாக்கில், இரவுத் தொழுகை இஷா எட்டேமுக்கால் வாக்கில். இரண்டு பாங்கு நேரத்திலும் வாத்தியம் நிற்கும். மஃரிப் இடைவேளையில்தான் எல்லாரும் சாப்பிடுவது. உறுமிக் குழு எட்டேகாலுக்குத் தொடங்கி இஷாவுக்கு முன் முடித்துவிடும்.

பெரிய பெட்டிகளை ஒரே முனையில் அடுக்கித் தெரு முழுக்க முழங்கவிடுவது தவறு. இரண்டு பக்கமும் கடைச்சுவர், சத்தம் அதில் மோதித் திரும்பி வந்து சொல் குழம்பும். சிறிய பெட்டிகளை இடைவிட்டு வைத்து ஒலியைக் குறையுங்கள். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். 34 மீட்டர் தள்ளி நிற்கும் பெட்டியை நொடியில் பத்தில் ஒரு பங்கு தாமதமாக்கினால்தான் இரண்டும் ஒன்றாகக் கேட்கும். ரேடியோ செட்காரருக்கு இது தெரியுமா என்று கேட்டுவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். இசை நடக்கும் இடங்களில் ஒலி 15 நிமிடச் சராசரியாக 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் சொன்னது. அது பெரியவர்களுக்கே மேல் எல்லை. கைக்குழந்தையோடு பெட்டிக்குப் பக்கத்தில் நிற்காதீர்கள், காதுக்கு மூடி போடுங்கள். அஞ்சடியில், கடைசிப் பெட்டிக்கும் பின்னால் நின்றால் பாட்டும் கேட்கும், பிள்ளையும் தூங்கும்.

மழை வந்தால்?
மாணவி, கூலிம்

மேற்குக் கரையில் ஏப்ரலிலும் அக்டோபரிலும் மாலை இடிமழை அதிகம் மகளே, அந்த மாதங்களைத் தவிர்த்துவிடு. இடி கேட்டதும் மின்சாரத்தை அணைத்துவிட வேண்டும், அதில் சலுகையே கிடையாது. ஒலிப்பெட்டி எல்லாவற்றுக்கும் கூரை வேண்டும்.

தவிர்த்தும் வந்தது ஒரு வருடம். ஏழு மணிக்கு ஊற்றிவிட்டது. ஒலிப்பெட்டியெல்லாம் அணைந்து, ஜனங்கள் இரண்டு பக்க அஞ்சடியிலும் நெருக்கிக்கொண்டு நின்றோம். தப்பு அடிக்க வந்திருந்த பெரியவர் தோலைத் தட்டிப் பார்த்தார். ஈரத்தில் தொய்ந்துபோய் 'தொப்' என்றது. கொளுத்த ஓலைக்கு எங்கே போவது? சீனக் காப்பிக்கடைக்காரர் ஒன்றும் கேட்காமல் உள்ளே போய், ஒரு கட்டுப் பழைய செய்தித்தாளும் காலி பிஸ்கட் டின்னும் கொண்டுவந்து வைத்தார். அந்த டின்னிலேயே தீ மூட்டினார்கள். பெரியவர் தப்பைத் திருப்பித் திருப்பிக் காட்டினார், சுற்றி நின்ற பிள்ளைகள் தாள் கிழித்துப் போட்டார்கள். மழை விடுவதற்கு முன்பே அது 'டண்' என்றது.