கேளுங்க, பேசுவோம்: வீடு வீடா வித்து முன்னேற முடியுமா?

கேள்வி: வணக்கம்ணா. நான் கோத்தகிரி பக்கம். வீட்டுக்காரர் டீ ஃபேக்டரில வேலை, எங்களுக்கும் கொஞ்சம் தோட்டம் இருக்கு, ஆனா இலை விலைய நம்பி குடும்பம் ஓட்ட முடியலன்னு குழுவுல ஒரு அக்கா சொல்லி கம்பெனி சரக்க வீடு வீடா விக்கிற டைரக்ட் செல்லிங்ல சேர்ந்தேன். 9,000 ரூபாய்க்கு சரக்கு எடுத்தேன், பாதிக்கு மேல பீரோவுல கிடக்கு. மீட்டிங் போனா, நீ ஆள் சேர்க்கல அதான் வளரல, ஆறு பேர சேரு, அந்த ஆறு பேரும் ஆளுக்கு ஆறு பேர சேர்க்கட்டும்ங்கிறாங்க. சொந்தக்காரங்க என்னைப் பாத்தாலே வேற வழியா போயிடறாங்க. இதுல ஜெயிக்க வழி உண்டா?
— வாசகி, கட்டபெட்டு

பதில்: உண்டு தங்கச்சி, ஆனா மீட்டிங்ல சொல்ற வழி இல்ல.

அந்த ஆறு பேர் கணக்க நீங்களே பேப்பர்ல போட்டுப் பாருங்க. 6, அப்புறம் 36, 216, 1,296, 7,776, 46,656, ஏழாவது படில 2,79,936, எட்டாவது படில 16,79,616. 2011 சென்சஸ்படி நீலகிரி மாவட்டத்துல மொத்தமே 7,35,394 பேர், தொட்டில்ல தூங்குற குழந்தையையும் சேத்துதான். ஊட்டி குன்னூர் கூடலூர் எல்லாம் சேந்தாலும் எட்டாவது படிக்கு ஆள் பத்தாது, இதுல உங்களுக்கு மேல ஏற்கனவே எத்தனை படி இருக்கோ. உங்க ஹட்டில, அதான் உங்க ஊர்ல, நாலு பேர் சேந்துட்டா அஞ்சாவது ஆள் யாருகிட்ட விப்பாங்க? எல்லாரும் வியாபாரி, வாங்க ஆளே இல்ல.

அதனால ஆள் சேர்க்குறத கொஞ்ச நாள் ஒதுக்கி வச்சிட்டு, மாசா மாசம் திரும்ப வாங்குற வீடுகள பிடிங்க. 40 வீடு, வீட்டுக்கு 300 ரூபாய் சரக்குன்னா 12,000. உங்களுக்கு 20 சதவீதம் நிக்குதுன்னு வச்சிக்கிட்டா 2,400. மேடையில காட்டுற கார் இதுல வராது, ஆனா கேஸ் சிலிண்டர், பசங்க ஸ்கூல் வேன் மாதிரி செலவுக்கு ஆகும். முதல் வருஷத்துக்கு இதத்தான் நான் வெற்றின்னு சொல்லுவேன், வேற யாராவது லட்சம்னு சொன்னா பேங்க் பாஸ்புக்க காட்டச் சொல்லுங்க, ஸ்கிரீன்ஷாட்ட இல்ல.

திரும்ப வாங்கணும்னா தீந்து போற பொருளா இருக்கணும். பாத்திரம் கழுவுற லிக்விட், டூத்பேஸ்ட், துணி பவுடர், இதுதான். 2,000 ரூபா புரோட்டீன் டப்பாவ உங்க சித்தி ஒரு தடவை உங்க முகத்துக்காக வாங்குவாங்க, அடுத்த மாசம் உங்களப் பாத்தா வேற வழியா போவாங்க, இப்ப நடக்குறது அதுதான்னு நினைக்கிறேன். எஸ்டேட் தொழிலாளிங்க இருக்குற லைன் வீடுகள்ல கடைவிலையோட ஒப்பிட்டுத்தான் வாங்குவாங்க, அதுல தப்பே இல்ல, அதனால ஒரு பாட்டில் எத்தனை நாள் வருதுன்னு முதல்ல உங்க வீட்லயே பாத்துட்டு அப்புறம் போய் சொல்லுங்க.

டிஸ்கவுண்ட் விஷயம் ரொம்ப முக்கியம். சொந்தக்காரங்க பத்து பர்சென்ட் கொறைக்கச் சொல்லுவாங்க, கேக்க சின்னதா இருக்கும், ஆனா உங்களுக்கு நிக்குறதே இருபதுதான், அதுல பாதி போச்சு. மிச்ச பாதில பஸ் காசு, ரீசார்ஜ், சாம்பிள். விடியல் பயணம் பஸ் வர்ற ரூட்டா பாத்து, ஒரு நாள் ஒரு ஊருன்னு வச்சிக்கங்க, ஒத்த பேஸ்ட் கொடுக்க ஆட்டோ பிடிக்காதீங்க. கடன் சொல்றவங்கள வேண்டாம்னு சொல்ல நம்ம ஊர்ல முடியாது, எல்லாரும் மாமன் மச்சான்தான், அதனால நோட்டுல எழுதி, ஃபேக்டரில இலைக்காசு போடுற வாரத்துல போய் நில்லுங்க, பத்து நாள் தள்ளிப் போனா அந்தக் காசு இருக்காது.

சரக்கு வைக்கிறதும் நம்ம குளிருக்கு ஏத்த மாதிரி இருக்கணும். கோத்தகிரி பக்கம் ஐப்பசி கார்த்திகை மழைதான் பெருசு, அந்த நேரம் பவுடர் அய்ட்டம் கட்டி கட்டியா ஆயிடும், மூட்டையா எடுத்து வைக்காதீங்க. தேங்காய் எண்ணெய் சேந்த ஹேர் ஆயில் மார்கழில உறைஞ்சுடும், புதுசா வாங்குனவங்க கலப்படம்னு சண்டைக்கு வருவாங்க, விக்கும்போதே வெந்நீர்ல வச்சு எடுங்கன்னு சொல்லிடுங்க. பிளாஸ்டிக் கவர்ல போட்டுக் கொடுத்தா நம்ம மாவட்டத்துல ஃபைன், அது தெரிஞ்சதுதான்.

பீரோவுல இருக்கறத என்ன பண்றதுன்னா, முதல்ல எக்ஸ்பயரி பாருங்க, அப்புறம் கையெழுத்து போட்ட ஒப்பந்தத்த எடுத்து விக்காத சரக்க திருப்பி எடுப்பாங்களான்னு படிங்க. ஒப்பந்தமே கொடுக்கலயா, கேட்டு வாங்குங்க, எழுத்துல ஒப்பந்தம் இருக்கணும்னு 2021 டிசம்பர்ல வந்த நேரடி விற்பனை விதிகள்லயே இருக்கு. அதே விதிப்படி நீங்களும் ஐடி கார்டு இல்லாம, முன்கூட்டி சொல்லாம ஒரு வீட்டுக்குள்ள போகக் கூடாது. முதல்ல ஒரு போன் போட்டுட்டு போனாலே பாதி பேர் ஓட மாட்டாங்க. மிச்ச சரக்கு தீர்ற வரைக்கும் புதுசா ஆர்டர் போடாதீங்க, மாசக்கடைசில டார்கெட், லெவல் இறங்கிடும்னு மேல இருக்கவங்க அழுத்துவாங்க, இறங்கட்டும்.

கேள்வி: மச்சான் ஒரு கம்பெனில சேரச் சொல்றார். பொருள் எதுவும் விக்க வேணாமாம், 15,000 கட்டி ஐடி போட்டு ரெண்டு பேர சேத்தா வாராவாரம் பணமாம். சேரலாமா?
— வாசகர், கூடலூர்

பதில்: வேணாம். பொருள் இல்லாம ஆள் சேர்க்குறதுல மட்டும் பணம் வருதுன்னா அது பணச் சுழற்சி, 1978லயே தடைச் சட்டம் வந்தாச்சு, சேத்துவிட்ட ஆள் மேலயும் கேஸ் வரும். மச்சான்கிட்ட கோபப்படாம, போட்ட பணத்த முதல்ல வெளிய எடுக்கப் பாருங்க மச்சான்னு சொல்லுங்க.

கேள்வி: நான் விக்குற மூலிகை ஜூஸ் குடிச்சா சுகர் போயிடும்னு எங்க லீடர் வாட்ஸ்அப்ல போடச் சொல்றார். போடாம எப்படி விக்கிறது?
— வாசகி, குன்னூர்

பதில்: போடாதீங்கம்மா. சர்க்கரை நோய் குணமாகும்னு விளம்பரம் பண்றது 1954ல வந்த சட்டப்படியே குத்தம், ஸ்டேட்டஸ் போட்டது உங்க நம்பர்தான், லீடர் நம்பர் இல்ல. அதுக்கும் மேல, யாராவது ஒரு பெரியவர் அத நம்பி மாத்திரைய நிறுத்திட்டா? லேபிள்ல என்ன அச்சடிச்சிருக்கோ அத மட்டும் சொல்லுங்க, சுகர் இருக்கவங்க கேட்டா டாக்டர்கிட்ட காட்டிட்டு வாங்கச் சொல்லுங்க. லீடர் விடாம தொந்தரவு பண்ணா 1915ங்கிற நுகர்வோர் ஹெல்ப்லைன் நம்பர அவருக்கே அனுப்பி, இங்க கேட்டுட்டு போடறேன் சார்னு சொல்லிப் பாருங்க.