பேச்சு குறைந்த பெண் தொழில் நடத்த முடியுமா?

அன்புள்ள அம்மாவுக்கு,

மகள் கல்லூரி இறுதியாண்டில் இருக்கிறாள், வேலைக்கு விண்ணப்பிக்க மாட்டேன், இப்போது தைத்து விற்கும் பைகளையே முழுநேரத் தொழிலாக்கப் போகிறேன் என்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். கடிதம் நீளமானதுதான். ஆனால் உங்கள் பயம் முழுவதும் ஒரு வரியில் இருக்கிறது: "நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே தயங்குகிறவள் எப்படி வியாபாரம் செய்வாள்?" முதலில் அதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். செய்ய முடியும். அதற்குச் சில பழக்கங்கள் வேண்டும். அவை பிறக்கும்போதே வருபவை அல்ல, பழகப் பழக வருபவை. அந்தப் பழக்கங்கள் அவளிடம் வேர்பிடிக்கின்றனவா என்று பார்த்துத்தான் நீங்கள் முடிவெடுக்க வேண்டும். சுபாவத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

விற்பனை என்றால் வாய்ச் சாமர்த்தியம் என்றே நாம் நினைத்துப் பழகிவிட்டோம். அமெரிக்க உளவியலாளர் ஆடம் கிராண்ட், தொலைபேசி வழியாக விற்பனை செய்யும் 340 பேரின் மூன்று மாத வருவாயை அவர்களுடைய சுபாவத்தோடு ஒப்பிட்டு 2013-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். கலகலவென்று பேசுகிறவர்கள்தான் முன்னால் நிற்பார்கள் என்று யாரும் எதிர்பார்ப்போம். அப்படி இல்லை. அதிகம் விற்றவர்கள் கலகலப்புக்கும் ஒதுங்கும் சுபாவத்துக்கும் நடுவில் இருந்தவர்கள், அதாவது பேசவும் செய்து, நிறுத்திக் கேட்கவும் செய்தவர்கள். எப்போதும் பேசிக்கொண்டே இருப்பவர்களுக்கும் ஒதுங்கியே இருப்பவர்களுக்கும் வருவாயில் பெரிய வித்தியாசம் இல்லை. உங்கள் மகள் மேடைப் பேச்சாளர் ஆக வேண்டாம். இப்போது இருக்கும் இடத்திலிருந்து நடுவை நோக்கி இரண்டு அடி நகர்ந்தால் போதும்.

கூச்ச சுபாவம் உள்ளவர்கள் உண்மையில் அடிபடும் இடம் வேறு. அது விலை சொல்வதும் வசூலும். விலையைச் சொன்னதும் எதிரில் இருப்பவர் முகம் சற்று மாறினால், அவர் கேட்பதற்கு முன்பே இவர்கள் குறைத்துவிடுவார்கள். பொருளைக் கொடுத்த பிறகு "அப்புறம் தருகிறேன்" என்று ஒருவர் சொன்னால், மறுபடி கேட்கக் கூச்சப்பட்டு விட்டுவிடுவார்கள். என்னிடம் ஆலோசனைக்கு வரும் இளைஞர்களில் நன்றாகத் தயாரிக்கத் தெரிந்தவர்கள் பலர் சிக்கிக்கொள்வது இங்கேதான்.

இதற்கு மருந்து தைரியம் வரட்டும் என்று காத்திருப்பது அல்ல, விதியை எழுதி வைப்பது. "பையின் விலை இவ்வளவு. ஆர்டர் உறுதியாகப் பாதித் தொகை முன்பணம். மீதி, பை கைக்கு வரும்போது." இந்த மூன்று வரியைத் தட்டச்சு செய்து போனில் வைத்துக்கொண்டு, யார் கேட்டாலும், நெருங்கிய தோழியே கேட்டாலும், அப்படியே அனுப்பச் சொல்லுங்கள். எழுதி வைத்த விதி பேசும்போது அவள் தனியாக வாதாட வேண்டியதில்லை. அப்புறம் வீட்டில் ஒரு பயிற்சி. நீங்கள் வாடிக்கையாளராக உட்கார்ந்து "கொஞ்சம் குறைச்சுக்கக் கூடாதாம்மா?" என்று கேளுங்கள். அவள் விலையைச் சொல்லிவிட்டு அமைதியாக இருக்கப் பழக வேண்டும். அந்தச் சில வினாடி மௌனத்தைத் தாங்கத் தெரியாமல்தான் பலர் லாபத்தை விட்டுக்கொடுக்கிறார்கள். நாலைந்து தடவை வீட்டில் செய்து பார்த்தாலே வெளியில் நாக்கு தடுமாறாது.

சரி, இதைவிடப் பெரிய விஷயத்துக்கு வருகிறேன். 2017-இல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஓர் ஆய்வை எந்தப் பெற்றோரிடமும் நான் சொல்லாமல் விடுவதில்லை. மேற்கு ஆப்பிரிக்காவில் டோகோ என்ற நாட்டில் 1,500 சிறு தொழில் நடத்துபவர்களை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு வழக்கமான வணிகப் பயிற்சி: கணக்கு, சந்தைப்படுத்தல், நிதி மேலாண்மை. இன்னொரு குழுவுக்கு மனப்பழக்கத்துக்கான பயிற்சி: யாரும் சொல்லாமல் தானாக முன்வந்து தொடங்குவது, மற்றவர்களிடமிருந்து வேறுபட்டு ஒன்றைச் செய்வது, வரக்கூடிய தடங்கலை முன்கூட்டியே யோசிப்பது, தடுக்கி விழுந்தால் வழியை மாற்றி மீண்டும் முயல்வது. மூன்றாவது குழுவுக்கு எந்தப் பயிற்சியும் இல்லை. அடுத்த இரண்டு ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து பார்த்தபோது, மனப்பழக்கப் பயிற்சி பெற்றவர்களின் லாபம், பயிற்சி பெறாதவர்களைவிட 30 சதவீதம் கூடியிருந்தது. வழக்கமான பயிற்சி பெற்றவர்களுக்கு 11 சதவீதம், அதுவும் உறுதியாகச் சொல்ல முடியாத அளவிலான வித்தியாசம்.

அந்தப் பயிற்சிக்கு வந்தவர்களில் மணமகள் உடைகளை வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்த ஒரு பெண் இருந்தார். பயிற்சிக்குப் பிறகு, உடை தேடி வருகிறவருக்குக் கையுறையும் முகத்திரையும் கூடத் தேவைப்படுமே என்று யோசித்து அவற்றையும் விற்க ஆரம்பித்தார். அவருடைய தொழில் விரிந்தது. இதில் மேதைத்தனம் எதுவும் இல்லை. தன்னிடம் வருகிறவருக்கு அடுத்து என்ன தேவை என்று ஒரு படி முன்னால் போய்ப் பார்த்தார், அவ்வளவுதான்.

உங்கள் மகளிடம் இந்தப் பழக்கம் இருக்கிறதா என்று அறிய நேர்காணல் வைக்க வேண்டாம். கடந்த மாதம் யாரும் சொல்லாமல் அவள் மாற்றிப் பார்த்தது என்ன என்று கேளுங்கள். "ஜிப் சீக்கிரம் பிய்ந்துவிடுகிறது என்று ஒருத்தி சொன்னாள், அதனால் வேறு ஜிப் வாங்கிப் பார்த்தேன்" என்பது போல ஒரு பதில் வந்தால் மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். "யாரும் ஆர்டர் தருவதில்லை" என்று மட்டும் வந்தால் அங்கேதான் வேலை இருக்கிறது. வாடிக்கையாளரிடம் கேட்கும் முறையையும் இதோடு சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். "இந்தப் பை பிடித்திருக்கிறதா? வாங்குவாயா?" என்று கேட்டால் தெரிந்தவர்கள் எல்லோரும் தலையாட்டுவார்கள். மனம் நோகக்கூடாதே என்றுதான். "கடைசியாகப் பை வாங்கியது எப்போது, எதற்காக, அதில் என்ன குறை?" என்று கேட்டால் உண்மை வரும். நடந்ததைக் கேட்க வேண்டும். நடக்கப்போவதைக் கேட்டால் கிடைப்பது மரியாதைப் பதில்தான்.

இப்போது கணக்கு. இதைப் பற்றி நான் கொஞ்சம் பிடிவாதமாகவே பேசுவேன்.

டொமினிக்கன் குடியரசில் சிறு தொழில் செய்பவர்களிடம் நடத்தப்பட்டு 2014-இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு பகுதியினருக்கு முறையான கணக்கியல் கற்றுக்கொடுத்தார்கள். இன்னொரு பகுதியினருக்கு எளிய கைவிதிகளை, அதாவது மனதில் வைத்துக்கொண்டு அப்படியே பின்பற்றக்கூடிய சில நடைமுறை விதிகளைக் கொடுத்தார்கள். அதில் முக்கியமானது, தொழில் பணமும் வீட்டுப் பணமும் ஒன்றாகக் கலக்கக் கூடாது என்பது. முறையான கணக்கியல் படித்தவர்களிடம் சொல்லிக்கொள்ளும்படி மாற்றம் தெரியவில்லை. கைவிதி கற்றவர்களின் கணக்குப் பழக்கம் நன்றாகவே மேம்பட்டது.

அதனால் உங்கள் மகளுக்கு முதலில் வேண்டியது தனி வங்கிக் கணக்கு. விற்ற பணம் எல்லாம் அதில்தான் விழ வேண்டும். துணி, ஜிப், நூல் எல்லாம் அதிலிருந்துதான் வாங்க வேண்டும். அவளுக்குக் கைச்செலவுக்கு வேண்டுமென்றால் மாதத்துக்கு ஒரு நாள், ஒரு நிலையான தொகையைச் சம்பளமாக எடுத்துக்கொள்ளட்டும். நீங்களும் ஓர் உதவி செய்ய வேண்டும். "கையில பணம் இருக்குல்ல, கரண்ட் பில்லைக் கட்டிடு" என்று அவளிடம் சொல்லாதீர்கள். அன்று அவள் கட்டுவது அடுத்த ஆர்டருக்கான துணிப் பணத்திலிருந்து.

அப்புறம் ஒரு பைக்கு உண்மையில் என்ன ஆகிறது என்று அவள் உட்கார்ந்து எழுத வேண்டும். துணி, உள்துணி, ஜிப், நூல் என்று எல்லோரும் எழுதுவார்கள். வெட்டும்போது வீணாகும் துணியை எழுத மாட்டார்கள். திரும்பி வந்த பையை, அனுப்பும் செலவை, ஊசி உடைந்ததை எழுத மாட்டார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, தன் நேரத்தை எழுத மாட்டார்கள். ஒரு பைக்கு மூன்று மணி நேரம் ஆகிறது என்றால், அந்த மூன்று மணி நேரத்துக்கு இன்னொருவரை வைத்துத் தைத்தால் எவ்வளவு கூலி கொடுக்க வேண்டியிருக்குமோ அதையும் சேர்க்க வேண்டும். சேர்த்த பிறகும் மிச்சம் இருந்தால்தான் அது தொழில். இல்லையென்றால் தன் உழைப்பை வாடிக்கையாளருக்கு இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். இந்தக் கணக்கைப் போட்ட அன்று அவள் மனம் உடைந்தாலும் பரவாயில்லை. விலையை மாற்றலாம், வடிவத்தை எளிமையாக்கலாம். கணக்கே தெரியாமல் ஆர்டர் பெருகினால்தான் முதலுக்கே மோசம்.

லாபம் வேறு, கையில் இருக்கும் பணம் வேறு என்பதும் அவளுக்கு விளங்க வேண்டும். ஓர் அலுவலகம் நூறு பை கேட்டு, 60 நாள் கழித்துப் பணம் தருகிறோம் என்கிறது என்று வையுங்கள். துணிக்காரருக்கு 15 நாளில் பணம் கொடுத்தாக வேண்டும். நடுவில் 45 நாள் ஓட்டம் யாருடைய பணத்தில்? நோட்டில் நல்ல லாபம் காட்டும் தொழில்கூட இப்படி மூச்சு முட்டி நின்றுபோவது உண்டு. பெரிய ஆர்டர் வந்த மகிழ்ச்சியில் தலையாட்டும் முன் இந்த நாள் கணக்கைப் போடுவது ஒரு பழக்கம். கூச்சத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. சொல்லப்போனால் நிதானமான, பேச்சு குறைந்த பிள்ளைகளுக்கு இது மற்றவர்களைவிட நன்றாகவே வரும்.

இதையெல்லாம் தினமும் எழுதுவாளா என்ற சந்தேகம் உங்களுக்கு வரும். லண்டனில் 96 பேரை வைத்து நடந்த ஓர் ஆய்வில், புதிய பழக்கம் தானாக நடக்கிற அளவுக்குப் பதிய சராசரியாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாளிலேயே வந்தது, சிலருக்கு 254 நாள் வரை ஆகும் என்று கணக்கிட்டார்கள். இடையில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய பாதகம் இல்லை என்பதும் அதில் தெரிந்தது. ஆகவே ஒரு நாள் நோட்டு எழுதாமல் தூங்கிவிட்டால் "உன்னால் முடியாது என்று அப்போதே சொன்னேன்" என்று ஆரம்பித்துவிடாதீர்கள். இரவு தையல் மெஷினை மூடியதும் நோட்டைத் திற என்று, ஏற்கெனவே இருக்கும் ஒரு வேலையோடு இதைக் கட்டிவிட்டால் எளிதாகப் பதியும். அதிகாலை ஐந்து மணிக்கு எழுந்தால்தான் முன்னேற்றம் என்று அவளை விரட்ட வேண்டாம். சொன்ன தேதியில் பொருள் போய்ச் சேர்ந்தால் சரி. தாமதமாகும் என்று தெரிந்தால் அந்தத் தேதி வருவதற்கு முன்பே அவளே சொல்லிவிட வேண்டும். நம்பிக்கை உருவாவதும் உடைவதும் அந்த இடத்தில்.

முதலீட்டுக்கு எவ்வளவு கொடுப்பது என்று கேட்டிருந்தீர்கள். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்களே, அதுதான் என் பதிலும். அனுபவமிக்க தொழில்முனைவோர் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்று ஆராய்ந்த பேராசிரியர் சரஸ் சரஸ்வதி 2001-இல் ஒரு கருத்தை முன்வைத்தார். அவர்கள் எவ்வளவு லாபம் வரும் என்பதில் தொடங்குவதில்லை, எவ்வளவு போனால் தாங்க முடியும் என்பதில் தொடங்குகிறார்கள். நீங்களும் மகளும் உட்கார்ந்து அந்தத் தொகையையும் ஒரு காலக்கெடுவையும் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். உங்கள் ஓய்வுக்கால சேமிப்பும் நகையும் அந்தத் தாளுக்குள் வரக்கூடாது. இதை மனம் உருகும் நேரத்தில் முடிவு செய்யாமல் இப்போதே செய்வது நல்லது. பணம் போய்க்கொண்டிருக்கும்போது "இவ்வளவு போட்டாச்சே, இன்னும் கொஞ்சம்" என்ற எண்ணம் யாருக்கும் வரும்.

ஆபத்து இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் துறையின் கணக்கில், புதிதாகத் தொடங்கும் நிறுவனங்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று முதல் ஆண்டிலேயே மூடப்படுகிறது. ஐந்து ஆண்டு முடிவில் ஏறக்குறைய பாதிதான் மிஞ்சுகிறது. ஆனால் வேலையா தொழிலா என்று ஒன்றை வெட்டிவிட வேண்டிய அவசியமும் இல்லை. வேலையில் இருந்துகொண்டே தொழிலைத் தொடங்கி, பிறகு முழுநேரத்துக்கு மாறியவர்களின் தொழில் நின்றுபோகும் வாய்ப்பு, ஒரேயடியாகக் குதித்தவர்களைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு என்று 2014-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. படிப்பு முடிந்ததும் ஒரு வேலை, மாலையிலும் விடுமுறையிலும் தொழில், மாத வருமானம் இவ்வளவைத் தொட்டால் வேலையை விடலாம் என்று ஒரு கோடு. இதை அவளிடம் பேசிப் பாருங்கள். பை தயாரிக்கும் அல்லது விற்கும் நிறுவனத்திலேயே வேலை கிடைத்தால் இன்னும் நல்லது. கொள்முதல் எப்படி நடக்கிறது, திரும்பி வரும் பொருளை என்ன செய்கிறார்கள் என்பதெல்லாம் சம்பளத்தோடு கற்றுக்கொள்ளலாம். வயது போய்விடுமே என்று அவள் பதறினால், அமெரிக்காவில் நிறுவனம் தொடங்கியவர்களின் சராசரி வயது ஏறக்குறைய 42 என்று ஓர் ஆய்வு கணக்கிட்டிருப்பதைச் சொல்லுங்கள்.

கடைசியாக, எம்பிஏ சேர்க்கலாமா என்ற கேள்வி. இப்போது வேண்டாம் என்பது என் கருத்து. படிப்பு வீண் என்பதால் அல்ல. ஒன்றிரண்டு வருடம் சொந்தமாகக் கணக்கு எழுதி, கடன் வசூலித்து, ஒரு பெரிய ஆர்டரைச் சமாளித்த பிறகு சேர்ந்தால், வகுப்பில் எதைக் கேட்க வேண்டும் என்று அவளுக்கே தெரிந்திருக்கும். அதுவரை அருகில் நடக்கும் குறுகிய கால வணிகக் கணக்கு வகுப்பு ஒன்றில், மேலே சொன்னது போன்ற எளிய விதிகளைக் கற்றுத்தருவதாகப் பார்த்து, சேர்த்துவிடுங்கள், போதும். அடுத்த முறை எழுதும்போது ஒரு பைக்கு அவள் போட்ட செலவுக் கணக்கையும் கூடவே அனுப்பச் சொல்லுங்கள். அதைப் பார்த்துவிட்டு விலையைப் பற்றிப் பேசலாம்.