வந்தவர் ஏன் நிற்பதில்லை?

ரோட்டரி, அரிமா (லயன்ஸ்) போன்ற சேவைச் சங்கங்களின் உறுப்பினர் சேர்க்கை பற்றி இம்மாதம் வந்த கடிதங்களில் நான்கை எடுத்துக்கொண்டிருக்கிறேன். முதல் கடிதத்துக்கான பதில் நீண்டுவிட்டது. மற்றவற்றுக்கும் அதிலேயே பாதி விடை இருப்பதால் அதைச் சுருக்க மனம் வரவில்லை.

ஆறு ஆண்டுகளுக்கு முன் எங்கள் சங்கத்தில் 42 பேர் இருந்தோம். இன்று பட்டியலில் 29 பேர். கூட்டத்துக்கு வருவோர் பன்னிரண்டு, பதின்மூன்று பேர்தான். ஒவ்வொரு ஜூலையிலும் ஆறேழு பேரைச் சேர்க்கிறோம். அடுத்த பதவியேற்பு விழாவுக்குள் அவர்களில் பாதிக்கு மேல் வராமல் நின்றுவிடுகிறார்கள். பழையவர்களிலும் சிலர் விலகுகிறார்கள். சேர்க்கைக்கென்று தனி விழா நடத்தலாமா, துண்டறிக்கை அச்சிடலாமா?
— சங்கச் செயலாளர், வேளச்சேரி

துண்டறிக்கை வேண்டாம், விழாவும் இப்போதைக்கு வேண்டாம். ஆண்டுக்கு ஆறேழு பேர் என்றால் ஆறு ஆண்டுகளில் ஏறக்குறைய நாற்பது பேரை, அதாவது ஒரு முழுச் சங்கத்துக்கான ஆட்களை, நீங்கள் அழைத்து வந்திருக்கிறீர்கள். உங்கள் ஊரில் சேருவதற்கு ஆள் இல்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது. வந்தவர்களுக்கு உள்ளே என்ன நடந்தது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

முதல் வேலையாக, விலகிப் போனவர்களில் பத்துப் பேரைத் தொலைபேசியில் அழையுங்கள். அழைப்பவர் அவர்களை அறிமுகப்படுத்தியவராகவோ தலைவராகவோ இருக்கக் கூடாது, ஏனென்றால் அவர்களிடம் யாரும் மனம் விட்டுப் பேச மாட்டார்கள். திரும்பி வாருங்கள் என்றும் கேட்க வேண்டாம். "நேரமில்லை சார்" என்பதுதான் முதலில் வரும் பதில். அது மரியாதைக்குச் சொல்வது. நேரமில்லாத அதே மனிதர் தம் தெருக் கோயில் கும்பாபிஷேகத்துக்கு நன்கொடைப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கியிருப்பார். அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்தில் தண்ணீர் லாரிக் கணக்கை வாரந்தோறும் எழுதிக்கொண்டிருப்பார். ஆகவே இரண்டாவதாக ஒரு கேள்வி கேளுங்கள்: "நம் சங்கத்தில் இருந்தபோது உங்கள் பொறுப்பில் என்ன வேலை இருந்தது?" பெரும்பாலோர் சற்று யோசித்துவிட்டு, ஒன்றும் இல்லை என்பார்கள்.

இதை நான் கற்றுக்கொண்ட விதம் எனக்குப் பெருமை தரக்கூடியதன்று. பல ஆண்டுகளுக்கு முன் நான் பொறுப்பில் இருந்த ஒரு சங்கத்தில் ஒரே மாதத்தில் இருவர் சேர்ந்தார்கள். ஒருவர் தணிக்கையாளர், மற்றவர் புதுப்பேட்டையில் வாகன உதிரிபாகக் கடை வைத்திருந்தவர். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சைதாப்பேட்டைப் பக்கம் ஒரு மாநகராட்சிப் பள்ளியில் கண் சிகிச்சை முகாம். தணிக்கையாளரை மேடையில் சிறப்பு விருந்தினருக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, பொன்னாடை போர்த்தி, படம் எடுத்துக்கொண்டோம். பெயர்ப்பதிவு செய்ய வேண்டியவர் அன்று வராததால், கடைக்காரரைப் பதிவு மேசைக்கு அனுப்பினோம். யோசித்து அனுப்பியதன்று; அந்த நேரத்தில் கைக்கு அகப்பட்டவர் அவர்தான்.

காலை ஏழு மணிக்கே வரிசை வாசலைத் தாண்டிவிட்டது. பெயர், வயது, முகவரி, சர்க்கரை உண்டா, இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறாரா, வீட்டில் யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு எழுதினார். கண்புரை இருப்பதாகத் தேர்வானவர்களை அன்று பிற்பகலே மருத்துவமனைப் பேருந்தில் அழைத்துப் போவார்கள். மறுநாள் அறுவை சிகிச்சை. பிறகு திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள். பேருந்து கிளம்பும் நேரத்தில் ஒரு பாட்டி ஏற மறுத்துவிட்டார். வீட்டில் யாரும் இல்லை, ஆட்டுக்குட்டிக்குத் தண்ணீர் வைக்க ஆள் வேண்டும் என்பது அவர் கவலை. பதிவேட்டிலிருந்த முகவரியைப் பார்த்துக்கொண்டு கடைக்காரர் அந்தத் தெருவுக்கே நடந்து போய், பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லி ஒப்புக்கொள்ள வைத்துவிட்டு வந்த பிறகுதான் பேருந்து நகர்ந்தது. ஒரு மாதம் கழித்து மறுபரிசோதனை நாள் வந்தபோது, பட்டியல் முழுவதும் அவர் கையெழுத்தில் இருந்ததால் அவரை அழைத்தே ஆக வேண்டியிருந்தது. அதற்கடுத்த முகாமுக்கு அவரே மேசையைத் துடைத்துவைத்துக் காத்திருந்தார். தணிக்கையாளரோ இரண்டாம் தவணைச் சந்தாவுக்கு முன்பே நின்றுவிட்டார்.

கடைக்காரருக்கு இயல்பிலேயே சேவை மனம் அதிகம் என்று நாங்கள் அப்போது பேசிக்கொண்டோம். ஒருவருக்கு வேலையையும் மற்றவருக்குப் பொன்னாடையையும் கொடுத்தவர்கள் நாங்களே என்பது எனக்கு உறைக்கப் பல ஆண்டுகள் ஆயின.

ஆகவே, ஒருவர் சேர்ந்த முதல் மூன்று மாதங்களுக்குள் அவருக்கென்று ஒரு வேலை வேண்டும். அது சிறியதாக இருக்கலாம். ஆனால் முழுமையாக அவருடையதாகவும், நாள் குறிக்கப்பட்டதாகவும், அவர் வராவிட்டால் தடைப்படக்கூடியதாகவும் இருக்க வேண்டும். இரத்ததான முகாம் நடத்துகிறீர்கள் அல்லவா? இரத்தம் கொடுத்த ஆண் மூன்று மாதங்களுக்குப் பிறகும், பெண் நான்கு மாதங்களுக்குப் பிறகும் மீண்டும் கொடுக்கலாம். கொடுத்தவர்களின் பட்டியலை வைத்துக்கொண்டு, அவரவர் முறை வரும்போது தொலைபேசியில் நினைவூட்டும் பொறுப்பைப் புதியவர் ஒருவரிடம் ஒப்படையுங்கள். பெரும்பாலான சங்கங்களில் இந்தப் பட்டியல் முகாம் முடிந்த அன்றே யாருடைய பைக்குள்ளோ போய்விடுகிறது. "உங்களால் முடிந்ததைச் செய்யுங்கள்" என்று பொதுவாகச் சொல்வது வேலை கொடுத்ததாகாது. அதைக் கேட்டவர் கடைசி வரிசையில் உட்கார்ந்து சாப்பாட்டுக்குக் காத்திருப்பார்.

அறிமுகப்படுத்தியவருக்கும் ஒரு கடமை உண்டு. சட்டையில் சங்கச் சின்னத்தைக் குத்தி, கைதட்டி முடித்ததும் தம் பங்கு தீர்ந்தது என்று அவர் எண்ணிவிடுகிறார். குறைந்தது ஆறு கூட்டங்களுக்குப் புதியவரின் பக்கத்து நாற்காலியில் அவர் உட்கார வேண்டும் என்று நிர்வாகக் குழுவில் தீர்மானமே போடுங்கள்.

கூட்ட நேரத்தையும் பாருங்கள். அழைப்பிதழில் ஏழு மணி என்று போட்டு, எட்டேகாலுக்குத் தொடங்கி, மேடையில் இருப்போரை ஒவ்வொருவராக வரவேற்று முடிக்க அரை மணி நேரமானால், பழைய மாமல்லபுரம் சாலையின் நெரிசலில் ஊர்ந்து வந்த மனிதர் மறுமுறை வர மாட்டார். உங்களுடையது ரோட்டரி சங்கமாக இருந்தால், வாரந்தோறும் கூடியாக வேண்டும் என்ற கட்டாயம் ரோட்டரியின் விதிகளை வகுக்கும் உலகப் பேரவையின் 2016ஆம் ஆண்டுக் கூட்டத்திலேயே தளர்த்தப்பட்டுவிட்டது. மாதம் இரண்டு கூட்டங்கள் போதும். அந்த இரண்டில் ஒன்றை ஞாயிறு காலைக் களப்பணியாகவே வைத்துக்கொண்டால் என்ன?

பணத்தைப் பற்றிக் கடைசியாக. சந்தா இவ்வளவு என்று மட்டும் சொல்லிச் சேர்த்துவிட்டு, பிறகு சாப்பாட்டுக்கு, பதவியேற்பு விழாவுக்கு, மாவட்ட மாநாட்டுக்கு, தையல் இயந்திரத்துக்கு என்று மாதாமாதம் கேட்டால் நடுத்தர வருமானக்காரர் காரணம் சொல்லாமல் ஒதுங்கிவிடுவார். ஆண்டு முழுவதற்கும் ஆகக்கூடிய தொகையை, எது கட்டாயம், எது விருப்பம் என்று பிரித்து, ஒரே தாளில் எழுதி, சேருவதற்கு முன்பே கையில் கொடுத்துவிடுங்கள்.

நான் சோழிங்கநல்லூரில் மென்பொருள் நிறுவனமொன்றில் பணிபுரிகிறேன், வயது 31. நண்பர் அழைத்ததால் ஒரு சங்கக் கூட்டத்துக்கு விருந்தினராகச் சென்றேன். "உங்கள் கணவர் உறுப்பினரா?" என்று இருவர் கேட்டார்கள்; அதன் பிறகு யாரும் பேசவில்லை. என்னைப் போன்றவர்களுக்கு அங்கே இடம் உண்டா?
— வாசகி

அந்த இருவர் சார்பில் நான் வெட்கப்படுகிறேன். அரிமா இயக்கம் 1987லேயே பெண்களுக்குக் கதவைத் திறந்தது. அதே ஆண்டில், பெண்களைச் சேர்த்ததற்காக வெளியேற்றப்பட்ட கலிபோர்னியாவின் டுவார்ட்டே ரோட்டரி சங்கத்தின் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பெண்களைச் சேர்ப்பதற்கு ஆதரவாகத் தீர்ப்பளித்தது. 1989இல் ரோட்டரி தன் விதியையே மாற்றிக்கொண்டது. விதி மாறி இத்தனை ஆண்டுகளாகியும் வரவேற்பு மேசையில் நிற்பவரின் வாய் மாறவில்லை.

இடம் உண்டா என்றால் உண்டு. ஆனால் அந்தச் சங்கத்தில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ரோட்டரியின் இளைஞர் அமைப்பான ரோட்டராக்ட் சங்கங்களில் 30 வயது என்றிருந்த மேல்வரம்பு 2020இல் நீக்கப்பட்டுவிட்டதால் உங்கள் வயது தடையன்று. அல்லது, உங்களைப் போன்று எட்டுப் பேர் சேர்ந்தால், ஏற்கெனவே இயங்கும் ஒரு ரோட்டரி சங்கத்தின் துணையுடன் துணைச் சங்கமொன்றைத் தொடங்கி, கூடும் நேரத்தையும் இடத்தையும் நீங்களே வகுத்துக்கொள்ளலாம். எட்டுப் பேருக்கு எங்கே போவது என்று நீங்கள் மலைக்க வேண்டியதில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோதும் வேளச்சேரியிலும் பள்ளிக்கரணையிலும் இடுப்பளவுத் தண்ணீரில் பாலும் சாப்பாட்டுப் பொட்டலமும் சுமந்தவர்களில் எத்தனையோ பேர் உங்கள் வயதினர். வாட்ஸாப் குழு ஒன்றைத் தவிர அவர்களிடம் எந்த அமைப்பும் இல்லை. தண்ணீர் வடிந்ததும் குழு அடங்கிப்போனது. அவர்களை அழைத்துப் பேச எந்தச் சங்கத்துக்கும் தோன்றவில்லை என்பது என் நெடுநாள் வருத்தம். உங்கள் தொலைபேசியில் அப்படியொரு பழைய குழு இருக்கிறதா என்று பாருங்கள்.

முடிவெடுக்கும் முன் இன்னொன்றும் செய்யுங்கள். எந்தச் சங்கத்தையும் கூட்ட அரங்கில் வைத்து எடை போடாமல், அவர்கள் நடத்தும் முகாமொன்றுக்குச் சென்று இரண்டு மணி நேரம் நின்று பாருங்கள்.

நான் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. சங்கத்தின் முன்னாள் தலைவர். இப்போது சேரும் இளைஞர்கள் மரபை மதிப்பதில்லை, எதைச் சொன்னாலும் "ஏன் இப்படிச் செய்கிறீர்கள்?" என்கிறார்கள். நாங்கள் ஒதுங்கிக்கொள்வதா, கண்டிப்பதா?
— வாசகர், மேற்கு மாம்பலம்

இரண்டும் வேண்டாம் ஐயா. 1905இல் சிகாகோவில் பால் ஹாரிஸும் அவருடைய நண்பர்கள் மூவரும் முதன்முதலில் கூடியபோது, ஒருவர் அலுவலகத்தில் ஒரு முறை, இன்னொருவர் அலுவலகத்தில் மறு முறை என்று சுழற்சியாகக் கூடியதால்தான் ரோட்டரி என்ற பெயரே வந்தது. அந்த மரபைக் காப்பதானால் இடத்தையும் முறையையும் மாற்றிக்கொள்ளத் தயங்கக் கூடாது.

புதியவர் ஒரு யோசனை சொல்லும்போது, "அதெல்லாம் நாங்கள் அப்போதே செய்து பார்த்தாயிற்று" என்று ஒரு மூத்தவர் சொன்னால், அந்தப் புதியவர் இரண்டாவது யோசனையைச் சொல்ல மாட்டார். செய்து பார்த்தது உண்மையானால், எங்கே தவறியது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதுதான் உங்களிடம் இருக்கிற சொத்து. எந்தப் பள்ளியின் தலைமை ஆசிரியர் ஞாயிற்றுக்கிழமை சாவி கொடுப்பார், மருத்துவமனையில் முகாம் ஒருங்கிணைப்பாளரை எத்தனை நாள் முன்னதாகப் பார்க்க வேண்டும், பந்தல்காரரிடம் எவ்வளவு முன்பணம் போதும் என்பனவெல்லாம் உங்கள் மனத்தில் மட்டும் இருக்கின்றன. அவற்றை இளைஞர் ஒருவரிடம் ஒப்படைத்து, முதல் முறை அவருடன் கூடவே போய்வாருங்கள். பிறகு அவர் "ஏன்" என்று கேட்பது உங்களுக்கே பிடித்துப்போகலாம்.

ஆண்டு இறுதியில் எண்ணிக்கை காட்டுவதற்காக, சென்ற தலைவர் தம் உறவினர் ஏழு பேரின் பெயரைப் பட்டியலில் சேர்த்துச் சந்தாவும் கட்டிவிட்டார். அவர்கள் ஒரு நாளும் வந்ததில்லை. இப்போது அந்தச் சுமை என் தலையில். என்ன செய்யலாம்?
— சங்கப் பொருளாளர், அம்பத்தூர்

இது உங்கள் சங்கத்துக்கு மட்டும் நேர்ந்ததன்று. ரோட்டரியில் ஜூலை 1, ஜனவரி 1 ஆகிய இரு நாள்களில் பட்டியலில் உள்ள தலைகளை எண்ணியே அனைத்துலகச் சந்தா கேட்கப்படுகிறது. அதனால் பல சங்கங்களில், ஜூனில் முடியும் சங்க ஆண்டுக்கு எண்ணிக்கை காட்ட மே மாதம் பெயர்கள் பெருகுவதும், ஜூலைச் சந்தாவுக்கு முன் ஜூன் கடைசி வாரத்தில் உதிர்வதும் ஆண்டுதோறும் நடக்கிற கூத்து. எண்ணிக்கை காட்டி விருதைப் பெற்றவர் ஒருவராகவும் அதற்குப் பணம் கட்டுபவர் அடுத்தவராகவும் இருப்பதில் வியப்பில்லை.

எண்ணிக்கை என்று ஒன்றை எண்ணியே ஆக வேண்டுமானால், கடைசி நான்கு களப்பணிகளுக்கு நேரில் வந்தவர்களின் சராசரியை எண்ணுங்கள். 2014 மார்ச் 27 அன்று நம் நாட்டுக்குப் போலியோ இல்லை என்ற சான்று கிடைத்ததில் ரோட்டரிக்குப் பெரும்பங்கு உண்டு. அதற்காக ஞாயிற்றுக்கிழமைகளில் சொட்டு மருந்து முகாமில் நின்று, குழந்தையின் சுண்டுவிரலில் மையிட்டு அனுப்பியவர்களில் உறுப்பினரே அல்லாதவர்களும் இருந்தார்கள். உங்கள் சங்கத்துக்கும் அப்படி உதவ வருபவர்கள் இருந்தால், ஏழு இடங்களுக்கு முதலில் கேட்க வேண்டியவர்கள் அவர்களே.

அந்த ஏழு பெயர்களையும் அடுத்த கணக்கெடுப்பு நாளுக்கு முன் நிர்வாகக் குழுவில் வைத்து, முறைப்படி நீக்கிவிடுங்கள். எண்ணிக்கை ஏன் குறைந்தது என்று உங்கள் வட்டாரச் சங்கங்களுக்குத் தலைமை வகிக்கும் ரோட்டரி மாவட்ட ஆளுநரின் அலுவலகத்திலிருந்து கேட்டால் நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். கடிதத்தின் நகலைச் சென்ற தலைவருக்கும் அனுப்பிவையுங்கள்.