சிமெண்ட் தூசிக்கு நடுவே கணக்கு ஆபீஸ்: கம்ப்யூட்டர் பழுதாகாமல் காக்க என்ன வழி?

கேள்வி: ஆத்தங்குடியில் பூக்கல் (தரையில் பதிக்கும் சிமெண்ட் பூ ஓடு) பட்டறை நடத்துகிறோம். பட்டறையை ஒட்டிய பழைய வீட்டின் முகப்பு அறைதான் ஆபீஸ். மொத்தம் நான்கு கம்ப்யூட்டர். டேலி (கணக்கு எழுதும் மென்பொருள்) டேட்டா ஒன்றில் இருக்கிறது, மற்ற மூன்றும் அதோடு இணைந்தவை. அந்த மெயின் சிஸ்டம் மதியம் இரண்டு மணிக்கு மேல் தானாக அணைந்துவிடுகிறது. கரண்ட் போனால் யுபிஎஸ் ஒரு நிமிடம்கூடத் தாங்குவதில்லை. போன சித்திரையில் ஒரு ஹார்ட் டிஸ்க் போய், இரண்டு மாதக் கணக்கைப் பில் புத்தகத்தைப் பார்த்து மறுபடி ஏற்றினோம். பழுதான பிறகு ஆள் தேடாமல், முன்கூட்டியே என்ன செய்துவைக்கலாம்? ஏஎம்சி (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்) போட்டால் போதுமா?

பதில்: மெயின் சிஸ்டத்தில் கைவைக்கும் முன் இன்றைக்கே டேலி டேட்டாவை வெளி டிஸ்க் ஒன்றில் எடுத்துவிடுங்கள். தானாக அணையும் மெஷின் எந்த நிமிடம் டேட்டாவைக் கெடுக்கும் என்று சொல்ல முடியாது. மற்ற வேலையெல்லாம் அதற்குப் பிறகு.

காலையில் நன்றாக ஓடி, மதியச் சூட்டில் அணைகிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது வைரஸை அல்ல, ப்ராசஸர் சூட்டை. ப்ராசஸர் 100 டிகிரியை நெருங்கும்போது முதலில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதிலும் அடங்காவிட்டால் தன்னைக் காத்துக்கொள்ள மெஷினை நிறுத்திவிடும். எச்டபிள்யூ மானிட்டர் போன்ற இலவச மென்பொருளைப் போட்டு, காலை 10 மணிக்கும் மதியம் 3 மணிக்கும் சூட்டைக் குறித்துப் பாருங்கள். சும்மா இருக்கும்போது 40 முதல் 55 டிகிரி, வேலை ஓடும்போது 70 முதல் 80 வரை என்றால் கவலை இல்லை. 90 தாண்டினால் உள்ளே காற்று போகவில்லை என்று அர்த்தம்.

துணிக்கடையில் சேரும் தூசி பஞ்சு மாதிரி, ஊதினால் போய்விடும். உங்களுடையது சிமெண்டும் மணலும். பூக்கல்லைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டு இறுக வைக்கிறீர்களே, அதே வேலைதான் ஹீட் சிங்க்கின் (ப்ராசஸர் மேல் உட்கார்ந்து சூட்டை இழுக்கும் உலோகப் பாகம்) தகடுகளுக்கு நடுவே மெதுவாக நடக்கிறது. கோடையில் பொடியாகப் படிந்தது, ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் பொருக்காக இறுகிவிடும். அதோடு சிமெண்ட் காரத்தன்மை உள்ளது. ஈரம் பட்டால் அலுமினியத் தகட்டை அரிக்கும். ஆகவே ஈரத்துணி, ஸ்ப்ரே இரண்டும் உள்ளே போகவே கூடாது. சாதாரண ஆபீஸுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை சுத்தம் செய்தால் போதும். உங்கள் இடத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வேண்டும். அதில் ஒன்று கட்டாயம் புரட்டாசியில், மழை பிடிக்கும் முன்.

செய்யும் முறை இது. மெஷினை ஷட் டவுன் செய்து, எல்லா வயரையும் கழற்றி, பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள், மிச்ச மின்சாரம் இறங்கிவிடும். வெளியே முற்றத்துக்கோ திண்ணைக்கோ எடுத்துப் போங்கள். மூக்கில் மாஸ்க் இருக்கட்டும், மணல் தூசி நுரையீரலுக்கு ஆகாது. பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, கேபினட்டின் வெறும் இரும்பை ஒருமுறை தொட்ட பிறகு உள்ளே கைவையுங்கள். ஒரு அங்குலப் பெயிண்ட் பிரஷ், புதியது, உலர்ந்தது, அதைக்கொண்டு தூசியை மெல்லத் தளர்த்திவிட்டு, ஒரு அடி தள்ளி நின்று புளோயரைக் குறைந்த வேகத்தில் ஊதுங்கள். ஊதும்போது ஃபேன் இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். பலர் அது சுற்றுவதை வேடிக்கை பார்ப்பார்கள். அளவுக்கு மீறிச் சுற்றினால் பேரிங் போய்விடும். வேக்குவம் கிளீனர் வேண்டாம், அதன் குழாய் முனையில் நிலைமின்சாரம் சேரும். எஸ்எம்பிஎஸ் பெட்டியை (உள்ளே மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) வெளியிலிருந்து ஊதுவதோடு நிறுத்துங்கள். அதைத் திறக்கவே கூடாது. கரண்டைப் பிடுங்கிய பிறகும் அதன் கெப்பாசிட்டரில் ஆளை அடிக்கும் அளவு மின்சாரம் நிற்கும்.

பொருக்கு இறுகி ஊதியும் போகவில்லையா? ஹீட் சிங்க்கைத் தனியே கழற்றி, உலர்ந்த டூத் பிரஷ்ஷால் தேய்த்து எடுங்கள். கழற்றினால், ப்ராசஸருக்கும் ஹீட் சிங்க்குக்கும் நடுவே சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட்டைப் புதிதாக வைத்தே தீர வேண்டும். பழையதை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்துவிட்டு, ப்ராசஸரின் நடுவில் ஒரு பச்சைப் பட்டாணி அளவு வையுங்கள். கூடுதலாக வைத்தால் கூடுதலாகக் குளிராது, வழிந்து போர்டில் இறங்கும். இதைப் பழக்கம் உள்ளவர் செய்வது நல்லது.

தூசி வரும் வழியையும் பார்க்க வேண்டும். முகப்பிலிருந்து வளவு (நடு முற்றம்) வழியாகக் காற்று ஓடும்படி கட்டிய வீடுகள் நம்முடையவை. ஆளுக்குச் சுகம். ஆனால் சிமெண்ட் மூட்டை பிரிக்கும் இடம் காற்று வரும் பக்கம் இருந்தால் அத்தனையும் ஆபீஸுக்குள் வரும். மூட்டை பிரிக்கும் இடத்தை மாற்ற முடியுமானால் ஆயிரம் ரூபாய் சர்வீஸைவிட அது மேல். முடியாவிட்டால் பட்டறைப் பக்கத்து ஜன்னலையாவது அடையுங்கள். சிபியுவைத் தரையில் வைக்காதீர்கள், ஒன்றரை அடி உயரத்தில், சுவரிலிருந்து அரை அடி தள்ளி வையுங்கள். காற்று உறிஞ்சும் பக்கத்தில் மெல்லிய ஃபோம் ஃபில்டர் ஒட்டி, வாரம் ஒருமுறை கழுவி, நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள். ஓடும் மெஷின் மேல் உறை போடக் கூடாது.

அடுத்து யுபிஎஸ். ஒரு நிமிடம்கூட நிற்காவிட்டால் பெரும்பாலும் பேட்டரிதான் தீர்ந்திருக்கும், யுபிஎஸ் அல்ல. சின்ன யுபிஎஸ்ஸில் இருப்பது பொதுவாக 12 வோல்ட், 7 ஏஎச் பேட்டரி. அதை மட்டும் மாற்றலாம். 25 டிகிரி சூட்டை வைத்து அதன் ஆயுளைக் கணக்கிடுகிறார்கள், அதற்குமேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும். ஏசி இல்லாத அறையில் இரண்டு வருடம் தாண்டினாலே நல்ல பேட்டரி. மாற்றிய தேதியை மார்க்கரால் அதன் மேலேயே எழுதிவையுங்கள். லேசர் பிரிண்டரை யுபிஎஸ்ஸில் சொருகியிருந்தால் உடனே எடுங்கள். ஒவ்வொரு தாள் அடிக்கும்போதும் அது சூடேற இழுக்கும் கரண்டை இந்தப் பெட்டி தாங்காது.

மாதம் ஒருமுறை எல்லா மெஷினிலும் டேலியை மூடிவிட்டு, யுபிஎஸ் பிளக்கைப் பிடுங்கி, எத்தனை நிமிடம் நிற்கிறது என்று பாருங்கள். ஐந்து நிமிடத்துக்குக் கீழே வந்தால் பேட்டரி மாற்றும் நேரம். நிஜமாகவே கரண்ட் போனால் முதலில் மூன்று மெஷினிலும் டேலியை மூட வேண்டும், கடைசியில் மெயின் சிஸ்டம். டேட்டா எழுதும் நடுவில் மெயின் அணைந்தால்தான் கணக்கு கெடுகிறது.

பழைய வீட்டில் நான் முதலில் பார்க்கச் சொல்வது எர்த். இரண்டு பின் பிளக் காலத்து வயரிங்கில் மூன்று பின் சாக்கெட்டை மாட்டி, எர்த் கம்பியே கொடுக்காமல் விட்டிருப்பார்கள். எலக்ட்ரீஷியனை மல்டிமீட்டரோடு வரச் சொல்லுங்கள். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 230 வோல்ட் அளவில், ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே ஏறக்குறைய அதே, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே 2, 3 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் காட்டினால் எர்த் குழியைச் சரிசெய்யாமல் புது மெஷின் வாங்குவது வீண். நம் செம்மண் கோடையில் கட்டாந்தரையாகக் காயும்போது எர்த் பலவீனமாகும். சித்திரையிலிருந்து ஆனி வரை வாரம் இரண்டு வாளித் தண்ணீர் குழியில் ஊற்றுங்கள். கோடை மழை இடியோடு வரும்போது சுவிட்சை அணைத்தால் போதாது. பவர் பிளக்கோடு நெட் வயரையும் கழற்றிவிடுங்கள்.

இதற்கெல்லாம் நாள் எங்கே என்றால், மின்வாரியம் மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்சாரம் நிறுத்தும் நாள் இருக்கிறதே, அதுதான். எப்படியும் கணக்கு ஓடாது. யுபிஎஸ் சோதனை, பிரஷ் வேலை, வயர் இறுக்கம் பார்ப்பது எல்லாம் அன்றைக்கு முடியும். புளோயர் மட்டும் கரண்ட் வந்த பிறகு. கரண்ட் வந்ததும் பத்து நிமிடம் பொறுத்து மெஷினைப் போடுங்கள், முதலில் வோல்டேஜ் ஏறி இறங்கும்.

ஹார்ட் டிஸ்க் பல சமயம் முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் போகும். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளை மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள். நீலம் போய் மஞ்சள் காட்டினால் அன்றைக்கே காப்பி எடுத்து டிஸ்க்கை மாற்றுங்கள். மெயின் சிஸ்டத்துக்கு எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் எழுதும் டிஸ்க்) போடுவது நல்ல செலவு. ஆனால் அது சொல்லாமலும் போகும் என்பதால் பேக்கப்பில் சமரசம் கிடையாது. டேலி பிரைமில் ஆல்ட் ஒய் அழுத்தி, பேக்கப் கொடுத்தால் தினமும் இரண்டு நிமிட வேலை. வெளி டிஸ்க் இரண்டு வைத்து மாற்றி மாற்றி எடுங்கள். ஒன்று எப்போதும் வேறு வீட்டில் இருக்கட்டும். எடுத்ததும் கழற்றிவிட வேண்டும். சொருகியே கிடந்தால் ரான்சம்வேர் (டேட்டாவைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் வைரஸ்) வந்தாலும் இடி விழுந்தாலும் மெஷினும் பேக்கப்பும் சேர்ந்து போகும். மாதம் ஒருமுறை அந்த பேக்கப்பை வேறு ஃபோல்டரில் ரீஸ்டோர் செய்து, இருப்புத் தொகை ஒத்துப்போகிறதா பாருங்கள். பழைய ஃபோல்டர் மேலேயே ரீஸ்டோர் செய்தால் நடப்புக் கணக்கு அழியும், கவனம். ஜிஎஸ்டி சட்டப்படி ஆண்டு ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதம் கணக்கை வைத்திருக்க வேண்டும்.

விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது, இன்னும் அதில் ஓடினால் மாறத் திட்டமிடுங்கள். அப்டேட்டை மாதம் 20ஆம் தேதி 3பி (மாத ஜிஎஸ்டி ரிட்டர்ன்) தாக்கல் முடிந்த பிறகு போடுங்கள். தேதி தானாகப் பின்னுக்குப் போகிறதென்றால் போர்டில் உள்ள சிஆர் 2032 பட்டன் பேட்டரியை மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். தேதி தப்பாக இருந்தால் ஜிஎஸ்டி தளம்கூடத் திறக்காது.

ஏஎம்சி போடலாம், ஆனால் 'கூப்பிட்டால் வருவோம்' என்ற ஒப்பந்தம் உங்களுக்கு உதவாது. வருடத்துக்கு நான்கு முறை கழற்றிச் சுத்தம் செய்வது, ஒவ்வொரு முறையும் சூடு, பேட்டரி நிமிடம், டிஸ்க் நிலை மூன்றையும் மெஷின்வாரியாக நோட்டில் எழுதிக் கையெழுத்திடுவது, அழைத்தால் எத்தனை மணிநேரத்தில் வருவார்கள், எந்தப் பாகத்துக்குத் தனிக் காசு என்பதெல்லாம் தாளில் இருக்க வேண்டும். பேக்கப் பொறுப்பைப் பெரும்பாலும் அவர்கள் ஏற்க மாட்டார்கள். அந்த வேலைக்கு உங்கள் ஆபீஸில் ஒருவரைப் பெயர் சொல்லி நியமித்துவிடுங்கள். அவர் லீவு போடும் நாளுக்கு இன்னொருவர்.